புளியமரத்துக் குழாய்

டர்ன்டேபிள் வாங்கப் போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், நண்பர்கள் கேள்விகளை அடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பெல்ட் டிரைவா, டைரக்ட் டிரைவா? கார்ட்ரிட்ஜ் என்ன? ப்ரீஆம்ப் உள்ளேயே இருக்கிறதா, தனியாக வாங்க வேண்டுமா? எல்லாம் நியாயமான கேள்விகள்தாம். எனக்கு மட்டும் வேறொரு கேள்வி முந்திக்கொள்கிறது. அது 78இல் சுற்றுமா?

கடையில் இன்று கிடைக்கும் புதுப் பிளேயர்களில் பெரும்பாலானவை 33, 45 என்ற இரண்டு வேகத்தோடு நின்றுகொள்கின்றன. ஆடியோ-டெக்னிகாவின் எல்பி-60 அந்த ரகம். பொத்தானை அழுத்தினால் முள் தானே போய் உட்காரும், பாட்டு முடிந்ததும் தானே திரும்பும். புதிதாகத் தொடங்குகிறவருக்குத் தொந்தரவில்லாத பெட்டி, ஆனால் 78 கிடையாது. அதே கம்பெனியின் எல்பி-120இல் உண்டு. வேகம் மட்டும் இருந்தாலும் காரியம் ஆகாது, முள்ளும் வேறு வேண்டும். எல்.பி. தட்டுக்கான முள் முனையின் ஆரம் சுமார் 18 மைக்ரான். 78 தட்டுக்கு ஏறக்குறைய எழுபத்தைந்து. மெல்லிய முள்ளை அந்தப் பழைய அரக்குத் தட்டில் வைத்தால், அது பள்ளத்தின் அடிக்குப் போய்ப் புழுதியை உழுதுகொண்டிருக்கும். பாட்டு எங்கோ கேட்கும், இரைச்சல் முன்னால் வந்து நிற்கும்.

இவ்வளவு பாடுபட்டு 78 எதற்கு என்று கேட்பீர்கள். ஊர்ப்பாசம்தான். டி. ஆர். சுந்தரம் என்ற பெயரில் உள்ள 'டி' எங்கள் திருச்செங்கோடு. இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்குப் போய் ஜவுளித் தொழில் படித்தவர். அந்தப் படிப்புக்குத் தறியும் நூலுமாகக் காலத்தைக் கழித்திருக்கலாம். ஆனால் 1935இல் சேலம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸைத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. 1950இல் ஜி. ராமநாதன் இசையில் மந்திரி குமாரி. 1956இல் தமிழின் முதல் வண்ணப்படமான அலிபாபாவும் 40 திருடர்களும். சேலத்தில் எடுத்த படத்தின் பாட்டு, தட்டாவதற்குக் கல்கத்தா பக்கத்தில் டம்டம்முக்குப் போகும். கிராமபோன் கம்பெனியின் ஆலை அங்கேதான். எச்.எம்.வி.யும் கொலம்பியாவும் அங்கே அச்சாகி, ரயிலேறிச் சேலத்துக் கடைக்குத் திரும்பி வந்து, அங்கிருந்து பஸ் பிடித்து எங்கள் ஊருக்கு வரும். நாற்பத்துச் சொச்சம் கிலோமீட்டர் வருவதற்கு ஒரு பாட்டு இந்தியாவின் பாதியைச் சுற்றியிருக்கிறது! இந்தக் கணக்கு எனக்கு இன்றைக்கும் அலுக்கவில்லை.

காவிரிக்கு அந்தப் பக்கம் கொடுமுடி. கே. பி. சுந்தராம்பாளின் குரல் பரவியதில் பாதி நாடக மேடை என்றால் மீதி இந்த அரக்குத் தட்டுகள்தாம். ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம். அதற்குள் விருத்தம் பாடி, பாட்டுக்குள் நுழைந்து, முடித்தும் விடவேண்டும். மேடையில் ஒரு வரியை அரை மணி நேரம் இழைக்கத் தெரிந்தவர்கள் எப்படி அதற்குள் அடங்கினார்கள் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

ஆனால் இந்தத் தட்டு எதுவும் எங்கள் வீட்டில் இருந்ததில்லை. எங்கள் வளவில் யார் வீட்டிலும் இருந்ததில்லை. சாவி கொடுத்துச் சுற்றும் கிராமபோன் மிட்டாதார் வீட்டிலோ நூல் வியாபாரம் செய்த பெரிய வீட்டிலோ இருந்திருக்கலாம். எழுபதுகளில் எனக்கு விவரம் தெரிந்தபோது ரெக்கார்டு என்பது வீட்டுச் சாமான் அல்ல, ரேடியோ செட்டுக்காரர் கொண்டுவரும் பெட்டிக்குள் இருப்பது. அதைக் கேட்கும் கருவி புளியமரத்தின் உச்சிக் கிளையில் கட்டிய குழாய். ஸ்பீக்கர் என்று யாரும் சொல்லமாட்டோம். குழாய்தான்.

கல்யாணம், தெரட்டி, காதுகுத்து, மாரியம்மன் நோம்பி, எதுவானாலும் முதல் நாள் மாலையே மரமேற ஆள் வந்துவிடுவான். கிழக்கே ஒன்று, மேற்கே ஒன்று. பெரிய கையென்றால் நாலு திசைக்கும். விடியற்காலை முதல் பாட்டு சீர்காழி கோவிந்தராஜனின் விநாயகர் பாட்டு. அதை மாற்றினால் செட்டுக்காரருக்குக் கூலி கிடைக்காது என்கிற அளவுக்கு அது சட்டம். பிறகு முருகன், டி. எம். எஸ். ஆடி மாதமானால் எல். ஆர். ஈஸ்வரி. மார்கழிக்கு எம். எல். வசந்தகுமாரியின் திருப்பாவை. வெயில் ஏறியதும் சினிமா. மத்தியானம் பந்தி ஓய்ந்து ஆட்கள் திண்ணையில் சாயும் நேரத்துக்குக் கதை வசனம்: திருவிளையாடலில் தருமியும் இறையனாரும் பேசுவதை வாய் பிசகாமல் கூடவே சொல்லும் ஆட்கள் ஒவ்வொரு வளவிலும் இருந்தார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்கள் அவர்களில் பாதிப் பேர்.

காட்டில் களை வெட்டிக்கொண்டே அம்மாயி தலையைத் தூக்காமல் சொல்லும்: "தெக்காலூர்ல ஏதோ தெரட்டியாட்டம் இருக்குது." பாட்டைக் கேட்டே விசேஷம் இன்னதென்று தெரிந்துவிடும். டி. எம். எஸ்.ஸின் தத்துவப் பாட்டு அடுத்தடுத்து வந்தால் கொத்தை வைத்துவிட்டு, யார் போய்ச் சேர்ந்தது என்று விசாரிக்க ஆள் அனுப்புவார்கள். பந்தலுக்குள் கால் வைக்க விடாதவர்களுக்கும் அதே பாட்டு கேட்டது. பந்தலுக்கு வாசல் வைத்தவர்களால் குழாய்க்கு வாசல் வைக்க முடியவில்லை.

செட்டுக்காரர் உட்காரும் இடம் பந்தலின் ஓரம், கயிற்றுக் கட்டில் மறைப்பு. அகுஜா ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் பலகைப் பெட்டிக்குள் பிளேயர். கேரார்டு ரெக்கார்டு சேஞ்சர் வைத்திருந்தவர் மதிப்பானவர். ஏழெட்டுத் தட்டை அடுக்கினால் ஒவ்வொன்றாகத் தானே விழுந்து பாடும் வசதி அதில் உண்டு. ஆனால் யாரும் அதை நம்பமாட்டார்கள், கையால்தான் மாற்றுவார்கள். ஈ.பி. தட்டை உள்ளங்கை படாமல் விளிம்பில் பிடித்து, வேட்டி நுனியால் ஒரு சுற்றுத் துடைத்து, வைத்த பிறகு முள்ளில் சேர்ந்திருக்கும் பஞ்சை வாயால் ஊதுவார். அந்த 'ஃபூ' மூன்று மைலுக்குக் கேட்கும். அடுத்தது முள் தட்டைத் தொடும் 'டொக்'. அதற்கடுத்து, பாட்டு தொடங்குமுன் வெறும் பள்ளம் ஓடும் சரசரப்பு, நாலைந்து நொடி. என்ன பாட்டு வரப்போகிறது என்று அந்தச் சரசரப்பை வைத்தே பந்தயம் கட்டினோம். தேய்ந்த தட்டுக்கு ஒரு சத்தம், புதுத் தட்டுக்கு ஒரு சத்தம். காது பழகினால் பிடிபடும்.

முள் தாவினால் ஒரு நாலணாவை எடுத்துக் கார்ட்ரிட்ஜ் தலையில் வைப்பார். பாட்டு ஒழுங்காக ஓடும், தட்டு இன்னும் சீக்கிரம் தேயும். இன்றைய காந்தக் கார்ட்ரிட்ஜ் இரண்டு கிராம் அளவில்தான் தட்டின்மேல் அழுந்துகிறது. அந்தக் காலத்துப் பீங்கான் கார்ட்ரிட்ஜ் ஐந்தாறு கிராம், அதற்கு மேல் நாலணாவின் கனம் வேறு. அதற்கும் முந்திய சாவி கிராமபோனின் தலை நூறு கிராமுக்கு மேல். எஃகு ஊசியை ஒரு பக்கம் பாடியதும் தூர எறிய வேண்டும் என்பார்கள். நம்மவர்கள் எறிந்தார்களா என்ன! பீங்கான் கார்ட்ரிட்ஜுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அதிலிருந்து வரும் மின்னழுத்தம் அதிகம், நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகலாம். ப்ரீஆம்ப் பேச்செல்லாம் புளியமரத்தடியில் கிடையாது.

இனி, எது விட்டுப்போயிற்று என்று சொல்ல வேண்டும். பாட்டு விட்டுப்போகவில்லை. மந்திரி குமாரி பாட்டைக் கைபேசியில் தடவினால் இந்த நிமிடம் கேட்கலாம், கீறலே இல்லாமல். விட்டுப்போனது பாட்டுக்கும் எனக்கும் நடுவில் இருந்த காடு.

குழாய் எல்லாச் சத்தத்தையும் அனுப்பாது. தபலாவின் அடிச் சத்தம் அதற்குள் நுழையவே நுழையாது. குரலும் வயலினும் நாகஸ்வரமும் நடுவாந்தரமாகக் கூர்ந்து வெளியே வரும். அது கடலைக்காட்டைத் தாண்டி, கிணற்றைத் தாண்டி, காற்று திரும்பும்போது திரும்பி வரவேண்டும். மேல்காற்று அடித்தால் சரணம் முழுக்கக் காணாமல் போய், பல்லவியில்தான் மறுபடி கையில் சிக்கும். விடியற்காலையில் தரை குளிர்ந்து மேலே காற்று சற்று வெதுவெதுப்பாக இருக்கும். அப்போது ஒலி மேலே போகாமல் வளைந்து தரையை நோக்கியே வரும். அதனால்தான் நாலு மணிச் சீர்காழி ஐந்து மைலுக்கு அப்பாலும் தெளிவாகக் கேட்டார், பட்டப்பகலில் பக்கத்து ஊர்ப் பாட்டே மங்கியது. சின்ன வயதில் அதைச் சாமி பாட்டின் மகிமை என்று நம்பினோம். காரணம் தெரிந்தபின்னும் மகிமை குறைந்ததாகத் தோன்றவில்லை.

எங்கள் ஊருக்கு இன்னொரு சலுகை உண்டு, மலை. அர்த்தநாரீசுவரர் குடியிருக்கும் செங்குத்துப் பாறை மேலே. கீழே ஊருக்குள் குழாய் கட்டினால் ஒவ்வொரு வரியும் போய்ப் பாறையில் மோதித் திரும்பும். மலையிலிருந்து அரைக் கிலோமீட்டரில் நிற்பவருக்கு, குழாயும் பக்கத்திலேயே இருந்தால், மூன்று நொடி கழித்து இரண்டாவது தடவை கேட்கும். வைகாசி விசாகத்தில் சாமி மலையிறங்கி ஊருக்குள் தங்கும் நாட்களில், தேர்வீதியில் கடைக்குக் கடை குழாய் வேறு. நேர்ப்பாட்டு எது, மலைப்பாட்டு எது என்று தெரியாமல் பலகுரல் ஆகிவிடும். ஒருமுறை சென்னையில் ஓர் ஆடியோ கடையில் உயர்ந்த ரக ஸ்பீக்கர் முன்னால் உட்காரவைத்து, "பாருங்க சார், எக்கோவே இல்லை" என்றார் விற்பனையாளர். அவர் பெருமையாகச் சொன்னது எனக்கு வருத்தமாக இருந்தது.

ஒரு பக்கமாகவே பேசக்கூடாது. பரீட்சைக்குப் படித்தவர்கள் பஞ்சைக் காதில் அடைத்துக்கொண்டு அழுதார்கள். நோயாளி கிடந்த வீட்டுக்காரர் போய்க் கெஞ்சினாலும் சத்தம் குறையாது. சத்தம் குறைந்தால் கல்யாண வீட்டின் கௌரவம் குறையும். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் வந்து, இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்றன. இப்போது திருவிழா அனுமதிக்குப் போனால் கூம்பு ஸ்பீக்கர் கட்டக் கூடாது என்றே முதலில் சொல்கிறார்கள். சரியான விதிதான். நான் ஏங்குகிறேன் என்பதற்காக இன்னொரு பிள்ளையின் பரீட்சை கெட வேண்டியதில்லை.

விதிக்கு முன்பே ரெக்கார்டு போய்விட்டது. எண்பதுகளின் நடுவில் கேசட் வந்ததும் செட்டுக்காரர்கள் தட்டுப் பெட்டியைப் பரணில் போட்டார்கள். 1984இல் வந்த விதி படத்தின் கோர்ட் வசனத்தை ஊர் ஊராக அலறவிட்டதில் கேசட்டுக்குப் பெரும் பங்கு. எங்கள் ஊரே அப்போது வேறு சத்தத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. விசைத்தறி, லாரி, ரிக் வண்டி. இந்தியா முழுக்கப் போர் போட எங்கள் வண்டிகள் கிளம்பின. பரணில் கிடந்த தட்டுகள் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போயின. அரக்குத் தட்டு எடைக்கும் ஆகாது, உடைந்தால் குப்பை.

அதில் தப்பியவைதான் இன்று சுற்றி வருகின்றன. 1985இல் மூர் மார்க்கெட் எரிந்தபின் கடைகள் பக்கத்து அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. அங்கேயும் வேறு சில இடங்களிலும் நான் குடைந்திருக்கிறேன். சேகரிப்பவர்களின் கண் வேறு. அவர்களுக்கு இளையராஜாவின் முதல் வருஷங்கள் வேண்டும், கீறல் கூடாது, அட்டை கிழியக் கூடாது. தட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார்கள். பள்ளம் கறுப்பாக மின்னினால் சரி, சாம்பல் பூத்திருந்தால் கீழே வைத்துவிடுவார்கள். சாம்பல் பூத்தவற்றை எடுத்துப் பார்த்தால் லேபிளின் மேல் ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும்: இன்ன சவுண்ட் சர்வீஸ், இன்ன ஊர். ஓரத்தில் மசியில் ஒரு நம்பர். சில அட்டைகளில் 'பெண் அழைப்பு' என்றோ 'காலை' என்றோ செட்டுக்காரரின் கையெழுத்தில் குறிப்பு. கடைக்காரர்கள் இவற்றைத் தனியாக ஒதுக்கி வைத்து, "சர்வீஸ் மால் சார், வேண்டாம்" என்பார்கள்.

எனக்கு வேண்டியது அந்த ஒதுக்கல்தான். சங்ககிரி கிடைத்தது, ராசிபுரம் கிடைத்தது, பரமத்தி கிடைத்தது. திருச்செங்கோடு சீல் மட்டும் இன்னும் ஆம்புடவில்லை.

ஆகவே என் டர்ன்டேபிள் தேர்வு தலைகீழானது. நல்ல தட்டை நன்றாகப் பாடவைக்கும் கருவி கடை நிறைய இருக்கிறது. நாலணா வைத்து உழுத தட்டைப் பாடவைக்கத் தலையைக் கழற்றி மாட்டும் வசதி வேண்டும். ஒரே தட்டுக்கு இரண்டு மூன்று அளவு முள்ளை மாற்றிப் பார்த்தால், பழைய முள் தொடாத சுவரில் ஏதாவது ஒன்று உட்கார வாய்ப்பு உண்டு. அப்படி உட்கார்ந்துவிட்டால், தேய்மானத்துக்கு அடியிலிருந்து குரல் எழுந்து வருவது நிஜமாகவே நடக்கிறது. வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்கும் திருகும் வேண்டும். அந்தக்கால 78 எல்லாம் சரியாக 78இல்தான் பதிவாயின என்பதற்கு உத்தரவாதமில்லை. இத்தனையும் பார்த்தால் எல்பி-120 பக்கம்தான் மனம் சாய்கிறது. 78க்கும் நாலணாத் தட்டுக்குமாக இரண்டு முள்ளைத் தனியாக எழுதி வைத்திருக்கிறேன்.

போன வாரம் ஊரிலிருந்து தம்பி மகன் பேசினான். "பெரீப்பா, நம்மூர் பழைய சாமான் கடையில ஒரு அகுஜா ஆம்ப்ளிஃபயரும் ரெண்டு கொழாயும் கெடக்குதுங்க. எடுத்துப் பார்சல் போட்டுடட்டுங்களா?"

எங்கள் அடுக்குமாடியில் மிக்ஸி ஓடினாலே கீழ்வீட்டுக்காரர் மேலே வந்துவிடுவார்.

"யூனிட் நல்லா இருக்குதான்னு பாரு கண்ணு" என்றேன். "வெலய மட்டும் கேட்டு வெய்யி."