புடவை அலமாரியில் ஒரு ஸ்டேஷன்

பரேல் குவார்ட்டர்ஸில் ஓர் அறை முழுக்க ஓடிய மாடல் ரயிலுக்கு, புனே ஃப்ளாட்டில் கிடைத்ததென்னவோ ஒரே ஒரு சுவர்தான்

இரவு ஏழரை மணி. புனேயின் கோத்ருட் பகுதியில் ஒரு குடியிருப்பின் மூன்றாவது மாடி. படுக்கையறைச் சுவரில் நெஞ்சு உயரத்தில் பொருத்திய பலகையின் மேல், மூன்று பெட்டிகளை இழுத்துக்கொண்டு ஒரு டீசல் இன்ஜின் மேடேறுகிறது. உச்சிக்கு வந்ததும் நிற்கிறது. அதற்கப்பால் பாதை இல்லை. இன்ஜினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளம் வழியாக வண்டியின் வாலுக்குக் கொண்டுபோய் மாட்டுகிறார் ஓர் ஓய்வுபெற்ற ரயில்வே இன்ஜினியர். எது பின்பக்கமாக இருந்ததோ அது இப்போது முன்பக்கம். வண்டி வந்த திசையிலேயே, ஆனால் வேறு பாதையில், இன்னும் மேலே ஏறி மரக் கதவு போட்ட அலமாரிக்குள் நுழைந்து மறைகிறது.

அலமாரிக்குள் இருப்பவை அவர் மனைவியின் புடவைகள். மேல்தட்டுக்குப் பெயர் கண்டாலா. கீழ்த்தட்டு கர்ஜத்.

ஜோலார்பேட்டையில் பிறந்து, தண்டவாளச் சத்தத்தில் தூங்கி வளர்ந்த இவர் (பெயர் வேண்டாம் என்கிறார், "அக்கம்பக்கத்துக்காரங்க எல்லாரும் குழந்தைகளைக் கூட்டிக்கிட்டு வந்துடுவாங்க") பணிக்காலத்தின் பெரும்பகுதியை மும்பை பரேல் பணிமனையில் கழித்தவர். பகலில் நிஜ இன்ஜின், இரவில் பொம்மை இன்ஜின். சகாக்களுக்கு இது புரியவே இல்லை. மிட்டாய்க் கடைக்காரன் வீட்டுக்குப் போயும் மிட்டாய் தின்பானா என்று கேட்டிருக்கிறார்கள். பணிமனையில் எந்த வண்டியும் அவருடையதல்ல, எங்கே ஓட வேண்டும் என்பதையும் வேறு யாரோதான் முடிவு செய்தார்கள் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

பிரிட்டிஷ் காலத்து குவார்ட்டர்ஸ். உயரமான கூரை, தேவைக்கு மேல் ஓர் அறை. அந்த அறையில் 16 அடிக்கு 10 அடியில் ப்ளைவுட் மேடை போட்டு, 22 ஆண்டுகள் கட்டிய ரயில் உலகம் இருந்தது. இரட்டைப் பாதை, இரண்டு ஸ்டேஷன், பாலம், சாயமேற்றிய மரத்தூளைத் தூவிய புல்வெளி, கம்பி வலை மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசிய மலை. 2016ல் அவருக்கு 60 வயது முடிந்தது. ஓய்வுபெற்ற பிறகு சாதாரண வாடகையில் குவார்ட்டர்ஸை வைத்துக்கொள்ள ரயில்வே கொடுக்கும் அவகாசம் நான்கு மாதம். 22 வருடத்தில் கட்டியதை நான்கு மாதத்தில் கிளப்ப வேண்டும்.

மற்ற பொழுதுபோக்குகளுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. தபால் தலை ஆல்பத்தைப் பெட்டியில் போடலாம். வீணையை உறையிலிட்டு எடுத்துப் போகலாம். மாடல் ரயில் அமைப்பு வீட்டோடு ஒட்டிப் பிறந்தது. அறையின் நீள அகலம்தான் அதன் உருவம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்தப் பித்துப் பிடித்தவர்கள் ஓய்வுக்குப் பின் வீடு தேடும்போது நிலவறை இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறார்களாம். புனே ஃப்ளாட்டுகளில் நிலவறைக்கு எங்கே போவது? இருப்பது ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறையை ஒட்டி 'டிரை பால்கனி'. அந்தக் கடைசிச் சமாசாரம் புனே வாசிகளின் உயிர்நாடி. பாத்திரம் துலக்க, துணி துவைக்க, உலர்த்த எல்லாம் அங்கேதான்.

கணவர் முதலில் கண் வைத்தது அதன் மேல். "துணியெல்லாம் உங்க ரயில் மேலயா காயப் போடறது?" என்று கேட்டார் மனைவி. பேச்சு அத்தோடு முடிந்தது.

மேடையை ரம்பத்தால் பதினொரு துண்டுகளாக அறுத்தார்கள். ஆசாரி அறுக்க, இவர் ஒயர்களுக்கு அடையாளச் சீட்டு ஒட்டினார். டெம்போ ஒன்று அவற்றைச் சுமந்துகொண்டு மலையேறி வந்தது. வந்து பார்த்தால், புதுக் கட்டடத்தின் லிஃப்டுக்குள் எந்தத் துண்டும் நுழையவில்லை. மாடிப்படித் திருப்பத்திலும் நான்கு திரும்பவில்லை. அந்த நான்கும் கட்டடத்துக்குக் கீழே, ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்து உப்பிப்போயின. மீதி ஏழு பரணிலும் கட்டிலுக்கடியிலும். இரண்டு வருடம் அவர் எதையும் தொடவில்லை. "பேப்பர் படிப்பாரு, திரும்பவும் அதே பேப்பரைப் படிப்பாரு" என்கிறார் மனைவி. ரயில் இருந்தபோது அதைத் திட்டியவர், அது இல்லாதபோது கவலைப்பட ஆரம்பித்தார்.

ஓய்வுபெற்றவர்களின் சொர்க்கம் என்று பெயரெடுத்த நகரம் புனே. மும்பையைவிடப் புழுக்கம் குறைவு. தண்டவாளம் அவ்வளவு சீக்கிரம் களிம்பேறாது, ப்ளைவுட் நெளியாது. மாடல் ரயிலுக்கு உகந்த ஊர்தான். அதற்குச் சாட்சி கோத்ருடிலேயே இருக்கிறது. பாவுசாகேப் ஜோஷி என்பவர் நிறுவி, 1998 ஏப்ரல் 1ம் தேதி திறந்த ஜோஷியின் சிற்றுரு ரயில் அருங்காட்சியகம். நீராவி இன்ஜினிலிருந்து புல்லட் ரயில்வரை ஓடும் ஒரு குட்டி நகரம் அங்கே உண்டு. சிக்னல்கள், மேம்பாலம், சர்க்கஸ் கூடாரம், நீச்சல் குளம் எல்லாம் இருக்கின்றன. காட்சி தொடங்கி விளக்குகள் அணைந்து நகரத்தில் இரவாகும்போது குழந்தைகள் வாயைப் பிளக்கிறார்கள். ஜோஷியும் ஒரு கட்டத்தில் பிரித்து எடுத்துப்போகும் அமைப்பு ஒன்றைச் செய்து மும்பைவரை கொண்டுபோய்ப் பார்த்தவர். அந்த அவஸ்தை போதுமென்றுதான் நிரந்தரமாக ஓரிடத்தில் அமைத்தார்.

நம் இன்ஜினியரும் பல ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே டிக்கெட் வாங்கிக்கொண்டு குழந்தைகளோடு குழந்தையாக நின்றிருக்கிறார். வீட்டுக்குத் திரும்பியதும் ஏக்கம் இரட்டிப்பாகும்.

சின்ன இடத்துக்குச் சின்ன ரயில் வாங்கினால் என்ன? யாருக்கும் தோன்றும் யோசனை. உலகில் பெரும்பாலோர் ஓட்டும் ஹெச்ஓ என்ற அளவு, நிஜத்தில் 87ல் ஒரு பங்கு. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. இதற்கும் கீழே 'என்' என்றொரு அளவு உண்டு. 160ல் ஒரு பங்கு, 9 மி.மீ. அதற்குச் சாப்பாட்டு மேஜையே தாராளம். ஆனால் அந்த இன்ஜின் சக்கரத்தைத் தண்டவாளத்தில் ஏற்றுவதற்கு இருபது வயதுக் கண்ணும் நடுங்காத விரலும் வேண்டும். ஓய்வுக்காலம் செய்யும் குறும்பு இது. வீடு சுருங்கும்போதுதான் கண் பெரிய உருவத்தைக் கேட்கிறது. ஒரு கண்ணில் புரை அறுவை செய்துகொண்டவருக்கு 'என்' சரிப்படாது. தவிர, பல வருடம் சேர்த்த ஹெச்ஓ இன்ஜின்களை என்ன செய்வது?

புதிதாக வாங்குவதும் லேசல்ல. இறக்குமதி பொம்மைகளுக்கான சுங்க வரி 2020ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகி, 2023ல் 70 ஆனது. ஜெர்மனியின் மார்க்லின், இங்கிலாந்தின் ஹார்ன்பி என்று எந்தப் பெட்டியைப் பிரித்தாலும் சுங்க இலாகாவின் கண்ணுக்கு அது பொம்மைதான். பென்ஷன்தாரர் என்பதற்காகத் தள்ளுபடி கிடையாது.

விடை ஒருநாள் புனே-லோனாவாலா லோக்கலில் கிடைத்தது. 64 கி.மீ. தூரம், கைக்கடக்கமான டிக்கெட், ஜன்னலோரம். வேலையில்லாத நாளில் அவர் சும்மா போய்வரும் பாதை. லோனாவாலாவைத் தாண்டினால் கண்டாலா. அங்கிருந்து கர்ஜத்துக்கு இறங்குவதுதான் போர் காட் (சண்டைக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை). 1856ல் வேலை தொடங்கி 1863ல் ரயில் ஓடிய மலைப்பாதை. ஒரு கட்டத்தில் 40,000க்கும் மேற்பட்ட கூலித் தொழிலாளர்கள் அங்கே வேலை செய்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் விபத்திலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். ஒப்பந்தக்காரர் சாலமன் டிரெட்வெல் 1859ல் இந்தியா வந்த சில வாரங்களிலேயே இறந்தார். ஊருக்குத் திரும்பிப் போயிருக்கலாம் அவர் மனைவி ஆலிஸ். போகவில்லை. ஒப்பந்தத்தைத் தன் பொறுப்பில் எடுத்து முடித்துக் கொடுத்தார். ரயில்வே வரலாற்றில் அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த இடம் செய்த வேலைக்குக் காணாது.

மலைச்சரிவு செங்குத்து. 37 அடி போனால் ஓர் அடி ஏற்றம். இன்றும் மும்பையிலிருந்து வரும் வண்டிகளுக்கு கர்ஜத்தில் பின்னாலிருந்து தள்ள இன்ஜின்கள் மாட்டுகிறார்கள். ஆரம்ப காலத்தில் ஓரிடத்தில் வளைந்து திரும்பவே வழியில்லை. பொறியாளர்கள் செய்த தந்திரம்தான் 'ரிவர்சிங் ஸ்டேஷன்'. வண்டி ஒரு முட்டுச்சந்துக்குள் போய் நிற்கும். இன்ஜின் மறுமுனைக்கு மாறும். ஆங்கில 'வி' எழுத்தின் அடுத்த காலில் ஏறிப்போகும். 1920களின் இறுதியில் புதிய பாதை போட்டு இதைக் கைவிட்டார்கள். மின்சார ரயிலும் வந்தது. 1930 ஜூன் 1ம் தேதி டெக்கான் குயின் ஓட ஆரம்பித்தது. (அதன் பிறந்தநாளுக்கு வருடாவருடம் பயணிகள் புனே ஸ்டேஷனில் கேக் வெட்டுகிறார்கள். நம் இன்ஜினியரும் ஆஜராவார்.)

அறைக்குள் ரயில் ஓடவேண்டுமென்றால் வட்டமடித்தாக வேண்டும். ஹெச்ஓ வட்டத்துக்கு நான்கடி அகலமாவது வேண்டும் என்பதுதான் இரண்டு வருடமாக அவர் தலையில் ஓடிய கணக்கு. திரும்ப இடமில்லாத மலையில் 1863ல் ரயில் ஓடியிருக்கிறதே? திரும்ப இடமில்லாத படுக்கையறையில் ஏன் ஓடக்கூடாது?

12 அடி நீளம், ஒன்றரை அடி அகலம். முட்டுச்சந்துக்கு நாலரை அடி. மீதி ஏழரை அடியில் ஒரு பாதை கீழே, ஒரு பாதை மேலே. 37க்கு ஒன்று என்ற நிஜச் சரிவையே வைத்தால் ஒவ்வொரு பாதைக்கும் ஆறு செ.மீ.க்குச் சற்று மேல் ஏற்ற இறக்கம். ஒரு ஐசிஎஃப் பெட்டி ஹெச்ஓவில் சுமார் 25 செ.மீ.; ஆகவே மூன்று பெட்டிக்கு மேல் கிடையாது. மேடேறும்போது சக்கரம் வழுக்கியது. தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டுகளை இன்ஜினுக்குள் அடைத்ததும் ஏறியது. வண்டி மறைந்து நிற்க ஓரிடம் வேண்டியிருந்தபோதுதான் சுவரின் கோடியில் இருந்த புடவை அலமாரி கண்ணில் பட்டது. பேச்சுவார்த்தை ஒரு வாரம் நீடித்தது. அலமாரியின் பக்கவாட்டில் உள்ளங்கையளவு இரண்டு ஓட்டைகளுக்கு அனுமதி கிடைத்தது. டிரை பால்கனி பற்றி இனி மூச்சு விடக்கூடாது என்பது நிபந்தனை.

சுத்தக்காரர்கள் குறை சொல்லலாம். நம்முடைய அகலப்பாதை 1,676 மி.மீ.; 87ஆல் வகுத்தால் 19 மி.மீ.க்கு மேல் வரவேண்டும். ஹெச்ஓ தண்டவாளமோ ஐரோப்பிய அளவான 1,435 மி.மீ.க்குச் செய்தது. இந்திய இன்ஜின் அதன் மேல் நின்றால் ஒட்டிய காலோடு நிற்பதுபோல இருக்கும். அதுவும், நீராவிக் காலத்து ரிவர்சிங் ஸ்டேஷனில் டீசல் ஏறுகிறது. அமெரிக்க ஆல்கோ மாடல் ஒன்றுக்கு இந்திய வண்ணம் பூசிய இன்ஜின் அது. ஆல்கோ இங்கே வந்தபோது அந்த ஸ்டேஷனே இல்லை. "தெரியும். நான் மியூசியம் வைக்கலியே, ரயில் ஓட்டறேன்" என்கிறார் அவர்.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக நிஜத்தைக் கொண்டுவந்திருக்கிறார். கண்டாலா அருகே 1830ல் கட்டிய கல் வளைவுப் பாலம் ஒன்று இருந்தது. அதன்மேல் ஒரு காலத்தில் இருந்த தலைவலித் தைல விளம்பரத்தால் ஊர் முழுக்க அதை அமிர்தாஞ்சன் பாலம் என்றே அழைத்தது. சென்னையிலிருந்து போகும் எவருக்கும் அந்தப் பெயரைக் கேட்டதும் மஞ்சள் டப்பா ஞாபகம் வரும். 2020 வசந்தத்தில், ஊரடங்கில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தபோது, பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு அந்தப் பாலத்தை அட்டையில் வெட்டிக்கொண்டிருந்தார். எக்ஸ்பிரஸ் வே போக்குவரத்துக்கு இடைஞ்சலாக இருந்த அசல் பாலத்தை அதே ஏப்ரலில், சாலை வெறிச்சோடியிருந்த சமயம் பார்த்து வெடி வைத்துத் தகர்த்தார்கள். டிவியில் பார்த்தவர் அன்று அட்டையைத் தொடவில்லை. மறுநாள் வேலையைத் தொடர்ந்தார். வளைவுகளின் கல் வரிசையை மட்டும் மூன்று முறை திருத்தி வரைந்தார்.

பழைய மேடையின் துண்டுகள் என்னாயின? ஏழில் ஐந்து பழைய சாமான்காரரிடம் போயின. ஒன்றிலிருந்த ஸ்டேஷன் கட்டடம் முட்டுச்சந்தின் ஓரத்தில் நிற்கிறது. கடைசித் துண்டு இன்னும் பரணில். எதற்கு என்று கேட்டால் பதில் வருவதில்லை. மகன் பெங்களூரில் இருக்கிறான். அவனுக்கு இதில் ஆர்வமில்லை. பேரன் விடுமுறைக்கு வரும்போது ஓட்டுகிறான். 2022 மார்ச்சில் வனாஸிலிருந்து மெட்ரோ ஓட ஆரம்பித்ததிலிருந்து அவனுக்கு அதுதான் வேண்டும். "மெட்ரோவும் போய்த் திரும்பி வர்ற வண்டிதானே தாத்தா, இன்ஜின் கூட மாத்த வேண்டாம்" என்கிறான். தாத்தா பலகைக்கு மேலே காலியாக இருக்கும் சுவரை அளந்து வைத்திருக்கிறார். இன்னும் வீட்டில் சொல்லவில்லை.

எழுபதை நெருங்கும் விரல்கள் இப்போது கொக்கியைக் கழற்றச் சற்று நேரம் எடுத்துக்கொள்கின்றன. ஒரு நாளைக்கு இரண்டே இரண்டு வண்டி. மாலை ஒன்று மேலே, இரவு ஒன்று கீழே. கால அட்டவணையை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். அதை அவரைவிட நன்றாக மனப்பாடம் செய்திருப்பவர் மனைவி. போன மாதம் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்ப அலமாரியைத் திறந்தவர், ஹாலைப் பார்த்துக் குரல் கொடுத்தார்:

"என்னங்க, கர்ஜத்துல வண்டி நிக்குது. கொஞ்சம் முன்னால நகர்த்துங்க, பட்டுப்புடவை அதுக்குப் பின்னால இருக்கு."