கண் பெரிய வலை

வீச்சு வலையின் சூட்சுமம் இடுப்பில் இருக்கிறது. அரியாங்குப்பம் ஆற்றில், வீராம்பட்டினத்துப் பெரியவர் ஒருவரிடம் நான் கற்ற முதல் பாடம் அது. கயிற்று நுனியை மணிக்கட்டில் மாட்டி, வலையில் ஒரு பகுதியை முழங்கையில் தொங்கவிட்டு, மீதியை இரண்டு கைக்கும் பிரித்துக்கொள்ள வேண்டும். இடுப்பைத் திருப்பி விட்டால் விளிம்பிலுள்ள ஈய மணிகள் வலையை இழுத்துக்கொண்டு போகும். தோசை மாதிரி வட்டமாக விரிந்தால் மணிகள் எல்லாம் ஒரே சத்தத்தில் விழும். சத்தம் சிதறினால் மீன் போய்விட்டது என்று பொருள்.

கை சீக்கிரம் பழகிவிடும். கண் பழகத்தான் நாளாகிறது. கடல்வெள்ளம் ஏறும்போது மடவைக் கூட்டம் கரையோரமாக உள்ளே வரும். நீரின் மேல்பரப்பு லேசாக நடுங்கும். "அவசரப்படாத தம்பி, தலை எந்தப் பக்கம் பாரு" என்பார். கூட்டத்துக்குச் சற்று முன்னால் வலை விழ வேண்டும்.

தேங்காய்த்திட்டு அலையாத்திக் காட்டோரம் மட்டும் அவர் வீசுவதில்லை. வெண்கண்டலின் மூச்சுவேர் வலையைக் கிழித்துவிடும். அதைவிட, "குஞ்சுங்க இருக்கிற எடம்பா அது" என்பார்.

அந்தக் குஞ்சுகளில் கொடுவாவும் உண்டு. வெளிநாட்டுச் சால்மன் கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்கு ஏறும். கொடுவாவின் பயணம் நேரெதிர். உப்பு கூடிய முகத்துவாரப் பக்கம் முட்டையிடும். குஞ்சுகள் அலையாத்தி வேர்களுக்குள் ஒதுங்கும். சில நன்னீர்வரை ஏறி, வளர்ந்தபின் கடல்பக்கம் திரும்பும். பெரும்பாலானவை ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறும். சிறிதையெல்லாம் வாரிவிட்டால் முட்டையிடப் பெண் மீன் எங்கிருந்து வரும்?

அரியாங்குப்பம் ஆறு சங்கராபரணியின் கிளை. செஞ்சி மலைப்பக்கம் தொடங்கும் நீர் வீடூர் அணையில் தேங்கியது போக மிச்சம்தான் இங்கே வருகிறது. கூடவே நகரத்துச் சாக்கடையும். முகத்துவாரத்தில் மணல் மூடும்போதெல்லாம் படகு போக வழியில்லை என்று குரல் எழுகிறது, நியாயமான குரல்தான். மீனுக்கும் அதுதான் வாசல் என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் கடலில் விசைப்படகுகளுக்கு. ஆற்றில் வலை வீசுகிறவர்கள் தாங்களாகத்தான் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும்.

எனக்கென்று ஒரு வலை இப்போது பின்னிக்கொண்டிருக்கிறேன். இரண்டு விரல் தாராளமாக நுழையும்படி கண் வைக்கச் சொல்லியிருக்கிறார் பெரியவர். வளர்ந்த மடவை நிற்கும், பொடிசு நழுவிவிடும்.