ஒரே நாடு, இருபத்தோரு ராத்திரி

கொஞ்ச நாளா எங்க வீட்டு சாப்பாட்டு மேஜையில சாப்பாட்டுக்கு இடமில்லை. மேப்பு, பிரின்ட் அவுட், ரூல்டு நோட்டு, கலர் கலரா ஸ்கெட்ச் பேனா... ஒரே ஜப்பான் மயம்! அடுத்த மே மாசம் போறதா இருக்கோம். ரெண்டே பேர், ஒரே நாடு, 21 ராத்திரி. அதுவும் கொஞ்சம் (கொஞ்சமென்ன, நிறையவே) வசதியா. காதுல விழுந்தவங்க எல்லாரும் கேட்கற முதல் கேள்வி, "21 நாளும் ஒரே நாட்டுலயா? அப்படியே கொரியா, தைவான் எல்லாம் பாத்துட்டு வந்துடலாமே?"

ஐயா சாமி, அந்த 'அப்படியே' எனக்கு நல்லாத் தெரியும். 2009-ல ஒரு டூர் கம்பெனி எங்களை 12 நாள்ல 8 நாடு காட்டிச்சு. காலைல அஞ்சரைக்கு பெட்டி ரூம் வாசலுக்கு வந்துடணும், ஆறரைக்கு பஸ், மதியம் டப்பாவுல ஆறிப்போன புலாவ். ரைன் அருவிக்கு 25 நிமிஷம் குடுத்தாங்க, அதுல பாதி டாய்லெட் க்யூவுல போச்சு. இப்ப ஆல்பத்தைத் திறந்தா, இது எந்த ஊர் சர்ச்சுன்னு எங்க ரெண்டு பேருக்கும் சண்டை வரும். எனக்கு நல்லா ஞாபகமிருக்கறது முன் சீட் மாமாவோட வழுக்கைதான் :-)

இந்தத் தடவை மெதுவாப் போறதுக்கு வேற காரணமும் இருக்கு. ரங்கமணிக்கு ரெண்டு வருஷம் முன்னாடி பார்க்கின்சன்ஸ்னு சொல்லிட்டாங்க. பயப்படாதீங்க, ஆள் நல்லாத்தான் இருக்கார். வலது கை நடுக்கம், காலைல எழுந்ததும் உடம்பு மரம் மாதிரி இறுக்கம், கூட்டத்துல நடக்கும்போது திடீர்னு கால் ஒட்டிக்கிட்ட மாதிரி ஒரு தயக்கம். மாத்திரை வேலை செய்யற நேரத்துல பாத்தா யாரும் நம்ப மாட்டாங்க. "போகணும்னு நினைக்கற இடத்துக்கெல்லாம் இப்பவே போயிட்டு வந்துடுங்க"ன்னு டாக்டர் சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். வீட்டுக்கு வர்ற வரைக்கும் கார்ல ரெண்டு பேரும் பேசலை. மறுநாள் காலைல காப்பி டம்ளரை வச்சுட்டு மனுஷன் சொன்ன ஒரே வார்த்தை, "புல்லட் ட்ரெயின்."

சின்ன வயசு ஆசை. 1964-ல டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் நடுவுல அந்த வண்டி ஓட ஆரம்பிச்சப்ப இவர் கைக்குழந்தை. அப்புறம் எப்பவோ ஒரு பழைய பத்திரிகையில, ஃபூஜி மலை பின்னாடி நிக்க முன்னாடி வெள்ளையா அந்த ரயில் போற படத்தைக் கிழிச்சு கணக்கு நோட்டுல ஒட்டி வச்சிருந்தாராம். படம் போன இடம் தெரியலை, ஆசை மட்டும் அப்படியே இருக்கு.

பணம்? ரிட்டயர்மென்ட்ல வந்ததுதான். "அதை மருந்துக்கு வச்சுக்கக் கூடாதா அண்ணி?"ன்னு கொழுந்தனார் நேராவே கேட்டார். அக்கறைதான், தப்பு சொல்ல மாட்டேன். பத்து வருஷ வைத்தியத்துக்கு, பின்னாடி ஒரு ஆள் வச்சுப் பாத்துக்க வேண்டி வந்தா அதுக்கும் சேர்த்து, ஒரு தொகையைத் தனியா டெபாசிட்ல போட்டாச்சு. மிச்சத்துல தான் இந்தக் கூத்து. கணக்கைக் காட்டினேன், வாயை மூடிட்டார். (ஆனா மூஞ்சி இன்னும் சரியாகலை.)

முதல்ல மாசம். ஜப்பான்னா சகுரான்னு எல்லாரும் குதிக்கறாங்க. மார்ச் கடைசி, ஏப்ரல் முதல் வாரத்துல கியோட்டோவுல நிக்க இடம் கிடைக்காது, ரூம் வாடகை மலை ஏறி உக்காந்திருக்கும். நவம்பர் கடைசி மேப்பிள் சிவக்கற சமயமும் அதே கதை. கூட்டத்துல கால் ஒட்டிக்கிற ஆளை வச்சுக்கிட்டு எனக்குப் பூவும் வேண்டாம் இலையும் வேண்டாம். ஏப்ரல் 29-லேருந்து மே 5 வரைக்கும் அவங்களுக்கு வரிசையா லீவு, ஊரே கிளம்பிடும். ஜூன்ல மழை வந்துடும். நடுவுல இருக்கற மே ரெண்டாம் வாரம், மூணாம் வாரத்தைப் பிடிச்சேன். குளிரும் இல்லை, வேர்வையும் இல்லை. மே 15-ல கியோட்டோவுல ஆவோய் மட்சுரின்னு ஒரு திருவிழா. பழைய காலத்து ராஜ உடையில நூத்துக்கணக்கான பேர் மாட்டு வண்டி, குதிரையோட அரண்மனையிலேருந்து கோயிலுக்கு ஊர்வலம் போவாங்க. காசு குடுத்தா நாற்காலியில உக்காந்து பாக்கலாம். உக்காந்து! அந்த ஒரு வார்த்தைக்காகவே தேதியை வட்டம் போட்டுட்டேன்.

வழி இதுதான். டோக்கியோ 5 ராத்திரி, ஹக்கோனே 3, கியோட்டோ 7, கோயாசான் 2, அப்புறம் ஒரு 2 ராத்திரி (அதுலதான் பஞ்சாயத்து, பின்னாடி சொல்றேன்), ஒசாகா 2. டோக்கியோவுல இறங்கி ஒசாகாவுலேருந்தே ஏறிடறோம், திரும்ப டோக்கியோ வர்ற வேலை இல்லை. ஃப்ளைட் சிங்கப்பூர் வழியா, அங்கே ஒரு ராத்திரி தூங்கிட்டு. சிங்கப்பூர்லேருந்து டோக்கியோ போற அந்த ஏழு மணி நேரத்துக்கு மட்டும் பிசினஸ் கிளாஸ். காலை நீட்டிப் படுக்க முடியலைன்னா இறங்கின மறுநாள் இவரால எழுந்துக்க முடியாது.

ஹக்கோனேல ரியோக்கான். அவங்க ஊர் பாரம்பரிய சத்திரம்னு வச்சுக்குங்க. பாய் விரிச்ச தரை, வெந்நீர் ஊற்றுக் குளியல், ராத்திரி பத்துப் பன்னெண்டு வகை சின்னச் சின்னத் தட்டுல சாப்பாடு. தலைக்கு இவ்வளவுன்னுதான் வாடகை, ரெண்டு வேளை சாப்பாடு அதுலயே சேர்ந்தது. நல்ல இடமா இருந்தா ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 40,000 யென்னுக்கு மேலயே போயிடுது. நான் யென்னை 60 பைசான்னு வச்சுக் கணக்கு போடறேன், நீங்களே பெருக்கிக்குங்க. பெருக்கிட்டு நெஞ்சைப் பிடிச்சுக்குங்க.

இதுல பல பேர் ஒரு ராத்திரி தங்கிட்டு 'பாத்தாச்சு'ன்னு கிளம்பிடறாங்க. மதியம் மூணு மணிக்குத்தான் உள்ள விடுவாங்க. ஆறு, ஆறரைக்கு சாப்பாடு. மறுநாள் பத்து, பதினொண்ணுக்குக் காலி பண்ணணும். நடுவுல தூக்கத்தைக் கழிச்சா என்ன மிச்சம்? ஒரு நாள் முழுசா எங்கேயும் போகாம அங்கேயே கிடக்கணும், அப்பத்தான் குடுத்த காசு ஜீரணமாகும். அதான் 3 ராத்திரி போட்டேன்.

அடுத்தது குளியல். பொதுக் குளம் ஆம்பளைக்குத் தனி, பொம்பளைக்குத் தனி. சின்ன முக்காலியில உக்காந்து தேய்ச்சுக் குளிச்சிட்டு, ஈரத் தரையில நடந்து, 40 டிகிரிக்கு மேல இருக்கற தண்ணியில இறங்கணும். அந்தப் பக்கம் இவர் தடுமாறினா இந்தப் பக்கம் நான் என்ன பண்ணுவேன்? சூட்டுல ரத்த அழுத்தம் இறங்கி தலை சுத்தும்னு டாக்டர் வேற எச்சரிக்கை. அதனால ரூமுக்குள்ளயே சொந்தமா வெந்நீர்த் தொட்டி இருக்கற அறைதான் வேணும்னு தேடினேன். விளம்பரத்துல இதையெல்லாம் ஹனிமூன் ஜோடிக்கு ஏத்ததுன்னு போடறாங்க. நாங்க போறது கையைப் பிடிச்சு இறக்கி விட, பத்து நிமிஷத்துல கையைப் பிடிச்சு ஏத்தி விட. ஒரு வகையில அதுவும் ஹனிமூன் மாதிரிதான்னு ரங்கமணி சொல்றார். அதே மாதிரி தரைப் படுக்கை வேண்டாம், கட்டிலும் பாயும் சேர்ந்த அறை இருக்கு, 'வாயோ-ஷிட்சு'ன்னு கேக்கணும். முட்டி வலிக்காரங்க குறிச்சு வச்சுக்குங்க.

அடுத்தது பெட்டி. இந்தப் பயணத்துலயே எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம்! ஜப்பான்ல 'தக்யூபின்'னு ஒரு ஏற்பாடு. 1976-ல யமாத்தோன்னு ஒரு கம்பெனி ஆரம்பிச்சது. ஹோட்டல் கவுன்ட்டர்ல பெட்டியைக் குடுத்தா, அடுத்த ஊர் ஹோட்டலுக்கு பெரும்பாலும் மறுநாளே போயிடும். அளவைப் பொறுத்து பெட்டிக்கு 2,000 - 3,000 யென். டாக்ஸி வச்சு இழுக்கறதை விட மலிவு. ஷின்கான்சென் ஒரு ஸ்டேஷன்ல ஒண்ணு ரெண்டு நிமிஷம்தான் நிக்கும், அதுக்குள்ள ரெண்டு பெட்டியையும் ஒரு ரங்கமணியையும் ஏத்தறது என்னால ஆகாது. போதாக்குறைக்கு, நீள அகல உயரம் கூட்டினா 160 சென்டிமீட்டருக்கு மேல போற பெட்டின்னா அதுக்குன்னு தனி சீட்டு முன்னாடியே பிடிக்கணும், 2020-லேருந்து டோக்காய்தோ லைன்ல சட்டம். நாங்க ஒரு தோள்பையோட கையை வீசிக்கிட்டு ஏறப் போறோம். மருந்து, ஒரு ராத்திரிக்குத் துணி, ஊறுகாய் பாட்டில், அவ்வளவுதான் அதுல.

ரயிலுக்கு பாஸ் வாங்கலை. 2023 அக்டோபர்ல 7 நாள் பாஸை 29,650 யென்லேருந்து 50,000-க்கு ஏத்திட்டாங்க. எங்களை மாதிரி நாலு தடவை மட்டும் ரயில் ஏறறவங்களுக்குக் கட்டுப்படி ஆகாது. தனித்தனி டிக்கெட், கிரீன் கார்ல. ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு சீட்டுதான், நடுவுல மாட்டிக்க வேண்டாம். ஹக்கோனேலேருந்து கியோட்டோ போக ஒடவாராவுல ஏறணும். நொசோமி அங்கே நிக்காது, ஹிக்காரியிலயும் சிலதுதான் நிக்கும், அட்டவணை பாக்காம போனா பிளாட்ஃபாரத்துல காத்து வாங்கலாம். கியோட்டோ பக்கமா போகும்போது ஃபூஜி வலது பக்கம், கிரீன் கார்ல D சீட்டு ஜன்னல். மேகம் மறைக்காம இருக்கணும், அதுக்கு நான் என்ன பிளான் போட முடியும்? பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்திருக்கேன்.

சாப்பாடு... நாங்க சுத்த சைவம். அங்கே காய்கறி சூப்புலயும், நூடுல்ஸ் தொட்டுக்கற சாறுலயும், சாதாரண மிசோ சூப்புலயும் கூட காய்ஞ்ச மீன் சீவல்ல எடுத்த சாறு இருக்கும். 'தாஷி'ன்னு பேர். 'மீன் வேண்டாம்'னா மீன் துண்டை எடுத்துட்டு சாறை விட்டுடுவாங்க, அவங்க கணக்குல அது மீன் இல்லை. அதனால 'கட்சுவோ தாஷி கூடாது, கடற்பாசி, காளான்ல எடுத்த சாறுன்னா சரி'ன்னு ஜப்பானிய மொழியில எழுதி, அட்டையில லேமினேட் பண்ணி வச்சாச்சு. ரியோக்கானுக்கும் மெயில் போட்டேன். முதல்ல கேட்ட ரெண்டு இடம் பணிவா மாட்டேன்னுட்டாங்க. மூணாவது இடத்துக்காரங்க, வர்றதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி ஞாபகப்படுத்துங்க, செஞ்சு தர்றோம்னு எழுதினாங்க. அதைத்தான் புக் பண்ணினேன்.

கோயாசான் போறதே பாதி சாப்பாட்டுக்காகன்னு சொன்னா பாவம் வரும் :-) மலை மேல 816-ல குக்காய்னு ஒரு துறவி ஆரம்பிச்ச பௌத்த மடம். அங்கே 50 கோயிலுக்கு மேல தங்க இடம் குடுக்கறாங்க. சாப்பாடு ஷோஜின் ரியோரி. கறி மீன் கிடையாது, வெங்காயம் பூண்டும் கிடையாது! எங்க மாமியார் இருந்திருந்தா நேரா சமையல்கட்டுக்குள்ள போய் உக்காந்திருப்பாங்க. எள்ளுல ஒரு டோஃபு, குளிர்ல உறைய வச்சுக் காயவச்ச கோயா டோஃபு... இங்கயும் ஒரு சிக்கல். இவர் மாத்திரை புரதம் அதிகமானா உடம்புல சரியா ஏறாது. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி போடணும், சாப்பாடோ ஆறு மணின்னா ஆறு மணி. மூணரை மணி நேர வித்தியாசத்துல மாத்திரை நேரத்தை எப்படி மாத்தறதுன்னு டாக்டர்கிட்ட உக்காந்து தனி அட்டவணை வாங்கினேன். மருந்துன்னதும் இன்னொண்ணு, டாக்டர் எழுதித் தர்ற மாத்திரை ஒரு மாசத்துக்கு உட்பட்டுன்னா முன் அனுமதி இல்லாம கொண்டு போகலாம். எங்க 21 ராத்திரியே இதுக்குள்ள அடங்கறதுக்காகத்தான். ஆனா கோடீன், சூடோஎஃபெட்ரின் இருக்கற இருமல், ஜலதோஷ மருந்துக்கு அங்கே ரொம்பக் கெடுபிடி. மருந்துப் பெட்டியைக் கொட்டி ஒவ்வொரு அட்டையா படிச்சுப் பாத்துட்டுப் போங்க.

கியோட்டோவுல பழைய மரவீடு ஒண்ணு பாத்தேன், கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு. உள்ள மாடிப்படி ஏணி மாதிரி நிக்குது. வேண்டாம். காமோ ஆத்தங்கரை ஓரமா ஒரு ஹோட்டல், லிஃப்ட், தட்டையான நடைபாதை. அந்த 7 நாளுக்கு நோட்டுல ஒரு நாளைக்கு ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கேன். காலைல ஒரு கோயில், முடிஞ்சா நான்சென்ஜி பக்கம் டோஃபு சாப்பாடு, மாத்திரை இறங்கற நேரத்துக்கு ரூம். ரெண்டு நாளைக்கு ஒண்ணுமே எழுதலை. ஒரு லட்ச ரூபாய் ரூமும் கிடைக்குது, வாங்கலாம்தான். அதை விட ரெண்டு ராத்திரி கூட தங்கறதுக்குக் குடுக்கலாம்னு எனக்குத் தோணுது.

இப்போ அந்தப் பஞ்சாயத்து. நடுவுல இருக்கற 2 ராத்திரிக்கு எனக்கு நவோஷிமா தீவு. கடலோரத்துல யாயோய் குசாமா வச்ச மஞ்சள் பூசணிக்காய். 1994-ல வச்சது, 2021 ஆகஸ்ட் புயல்ல கடலுக்குள்ள அடிச்சுட்டுப் போய், 2022 அக்டோபர்ல திரும்ப செஞ்சு வச்சாங்க. அதுக்குப் பக்கத்துல ஒரு போட்டோ எடுத்துக்கணும், அவ்வளவுதான் ஆசை. ரங்கமணிக்கு ஹிரோஷிமா. "அங்கே போகாம ஜப்பான் போனேன்னு எப்படிச் சொல்றது?"ங்கறார். ரெண்டையும் நுழைச்சா ஒரு நாள் விட்டு ஒரு நாள் பெட்டி கட்டணும், 2009 திரும்ப வந்துடும். யாராவது ஒருத்தர் விட்டுக் குடுக்கணும். நேத்து ராத்திரி அவரே, "பூசணிக்காயே இருக்கட்டும்"னார். ரொம்ப சுலபமா விட்டுக் குடுத்துட்டார், அதான் எனக்கு மனசு கேக்கலை. ரயில் டிக்கெட் இன்னும் எடுக்கலை, அதுவரைக்கும் டயம் இருக்கு. நோட்டுல அந்த ரெண்டு ராத்திரியை மட்டும் பென்சில்ல எழுதி வச்சிருக்கேன்.