பின்சீட்டுக்காரர் சொல்லட்டும்

மோட்டார்சைக்கிளின் பின் ஷாக் கெட்டுப்போன சேதி வண்டி ஓட்டுகிறவருக்குக் கடைசியில்தான் வந்து சேரும். பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அது எப்போதோ தெரிந்திருக்கும். நூறு சி.சி. வண்டி ஒன்றில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே ஏறக்குறைய ஒன்றேகால் மீட்டர் இருக்கும். ஓட்டுகிறவர் அந்த நீளத்தின் நடுப்பகுதியை ஒட்டி உட்காருகிறார். பின்சீட்டில் இருப்பவரோ கிட்டத்தட்டப் பின் அச்சுக்கு நேர் மேலே. பின் சக்கரம் நாலு அங்குலம் எழும்பினால் முன்னவருக்கு வந்து சேருவது பாதிதான். பின்னவருக்கு முழுதும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. பள்ளம் வருவதை ஓட்டுகிறவர் பார்க்கிறார். பார்த்த நொடியிலேயே முழங்கால் டேங்கை இறுக்குகிறது, உடம்பு கொஞ்சம் எழுகிறது, இடுப்பு தயாராகிவிடுகிறது. பின்னால் இருப்பவருக்குத் தெரிவது ஒரு முதுகும் ஹெல்மெட்டும் மட்டும். அதுவும் புடவை கட்டிக்கொண்டு, இரண்டு காலையும் ஒரே பக்கம் போட்டு, மடியில் பையோ குழந்தையோ வைத்துக்கொண்டு உட்காருகிற பெண்ணுக்குக் காலை ஊன்றி எழும்பக்கூட வழியில்லை. வருகிற அடி நேராக முதுகெலும்பின் அடியில் இறங்குகிறது. நம் ஊர்களில் அந்த இடத்தில் உட்காருகிறவர்கள் பெரும்பாலும் மனைவிமார்கள், அம்மாக்கள், வயதான மாமியார்கள். அதனால்தான் பின் ஷாக்கைச் சின்ன விஷயமாக என்னால் நினைக்க முடிவதில்லை.

நாங்கள் சித்தூரில் இருக்கிறோம். மகள் திருப்பதியில், பத்மாவதி மகளிர் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் படிக்கிறாள். எழுபது கிலோமீட்டர். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானதிலிருந்து இது இரண்டு மாவட்டத் தலைநகரங்களுக்கு இடையேயான பயணம். பெண்ணுக்கு ஊறுகாயும் முறுக்கும் பொடியும் கட்டி எடுத்துக்கொண்டு என் மனைவி பின்னால் ஏறிக்கொள்வாள். பூதலப்பட்டு, காதங்கி, சந்திரகிரி வழியாகப் போகும் பெரிய சாலை இப்போது அகலமாகிவிட்டது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் காணிப்பாக்கத்தில் பிள்ளையாரைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உள்ளே திரும்பினாலும், உறவுக்காரர் வீட்டுக்கு ஐராலா, பாகாலா பக்கம் போனாலும் கதை வேறு. மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் கூழ் ஆலைகளுக்கு வரிசை கட்டும் ஜூன், ஜூலையில் அந்தச் சாலைகளின் ஓரம் நொறுங்கிப் போயிருக்கும். இருசக்கர வண்டி ஒதுங்க வேண்டியதும் அந்த ஓரத்தில்தான்.

பள்ளத்தைவிட வேகத்தடைதான் மோசம். வேகத்தடை எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் அளவு வகுத்திருக்கிறது. 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 சென்டிமீட்டர் உயரம், மணிக்கு 25 கிலோமீட்டரில் கடக்கும்படியான மெல்லிய வளைவு. அப்படிக் கட்டிய தடைமேல் மோட்டார்சைக்கிள் முழுதுமாக ஏறி முழுதுமாக இறங்கும். ஊர்க்காரர்கள் ஒரு விபத்துக்குப் பிறகு கோபத்தில் போட்ட தடை அப்படி இல்லை. இரண்டடி அகலத்தில் கூன் போட்டு நிற்கும். முன் சக்கரம் ஏறி இறங்கி முடிந்த பிறகு பின் சக்கரம் தனியாகப் போய் முட்டும். ஓட்டுகிறவர் தடை முடிந்துவிட்டது என்று ஆக்சிலரேட்டரைத் திருகும் வேளையில் பின்னவருக்கு அடி விழும்.

“ஏங்க, ஒரு தடவ தூக்கினாப் பரவால்ல. தூக்கித் தூக்கிப் போடுது” என்றாள் மனைவி. திருப்பதியிலிருந்து திரும்பிய அன்றே, வீட்டுக்குப் போகாமல் நேராக மெக்கானிக்கிடம் போனோம். தெலுங்குக்காரர், சித்தூர்த் தமிழ் நன்றாகப் பேசுவார். எனக்கு அவரிடம் பிடித்தது, வண்டியைப் பற்றி என்னிடம் அவர் எதுவும் கேட்காததுதான். இறங்கி நின்ற மனைவியிடம் கேட்டார்.

“அக்கா, நீங்க சொல்லுங்க. பள்ளத்துல விழுந்தா கீழ போயி டக்குனு இடிக்குதா? இல்ல ஆட்டம் நிக்காம ஆடுதா?”

“இடிக்கல தம்பி. தூக்கும், இறங்கும், மறுபடி தூக்கும். அது அடங்குறதுக்குள்ள அடுத்த பள்ளம் வந்துடுது.”

“வளைவுல?”

“வளைவுல பின்னாடி மட்டும் அலையுற மாதிரி இருக்கு.”

அதற்குள் அவர் குனிந்து, ஸ்பிரிங் சுருளுக்கு நடுவே விரலை விட்டு இரண்டு ஷாக்கின் உருளையையும் தொட்டுப் பார்த்தார். என்னையும் தொடச் சொன்னார். இடப்பக்கம் கதகதப்பாக இருந்தது. வலப்பக்கம், சைலன்ஸர் இருக்கும் பக்கமாக இருந்தும், அந்தச் சூடு இல்லை. “இது வேலையே செய்யலண்ணா. ஸ்பிரிங் நல்லாத்தான் இருக்கு. ஆயில் போச்சு” என்றார்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல விரும்புகிறேன். ஷாக் என்று நாம் சொல்வது இரண்டு பொருள்கள். வெளியே தெரியும் ஸ்பிரிங் ஒன்று. உள்ளே எண்ணெய் நிரம்பிய உருளை மற்றொன்று. பள்ளத்தின் அடியை வாங்கிக்கொள்வது ஸ்பிரிங். ஆனால் அது வாங்கியதை வைத்துக்கொள்ளாது, உடனே திருப்பிக் கொடுக்கும். அப்படித் திருப்பி உதைக்கும் விசையை அடக்கத்தான் உருளை. அதற்குள்ளே கம்பியின் முனையில் ஒரு பிஸ்டன், அதில் சின்னச் சின்னத் துளைகள். எண்ணெய் அந்தத் துளைகள் வழியே சிரமப்பட்டு நுழையும்போது ஆட்டத்தின் ஆற்றல் சூடாக மாறிக் காற்றில் போய்விடுகிறது. கரடுமுரடான சாலையில் ஓடி வந்த நல்ல ஷாக் தொட்டால் சுடுவது அதனால்தான். எண்ணெய் இல்லாத உருளையில் உராய்வும் இல்லை, சூடும் இல்லை. மிஞ்சுவது வெறும் ஸ்பிரிங்.

வலது ஷாக்கைக் கழற்றிக் கடைப் பையனை அழுத்திப் பிடிக்கச் சொல்லி ஸ்பிரிங்கை வெளியே எடுத்தபோது எல்லாம் கண்ணுக்கே தெரிந்தது. கண்ணாடிபோல் வழுவழுப்பாக இருக்க வேண்டிய கம்பியில் கடுகு அளவுக்குத் துருப்புள்ளிகள். மழைத் தண்ணீரும் சேறும் தங்கித் தங்கி அரித்த இடங்கள். கம்பி ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் அந்தப் புள்ளிகள் ரப்பர் சீலை அறுத்திருக்கின்றன. அறுந்த வழியே கசிந்த எண்ணெயில் செம்மண் தூசு ஒட்டிக் கறுப்பு மெழுகாக உறைந்திருந்தது. கம்பியைக் கையால் அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் சரேலென்று உள்ளே போனது. இழுத்தால் அப்படியே வந்தது. பழுதில்லாத உருளையில் அழுத்துவதைவிட இழுப்பது கடினமாக இருக்கும். திருப்பி உதைப்பதை அடக்குவதுதான் அதன் முக்கியமான வேலை.

இப்படி எண்ணெய் போன ஷாக்கைப் பல இடங்களில் ‘டைட்’ வைத்து அனுப்பிவிடுகிறார்கள். அடியில் படிப்படியாக வெட்டிய வளையத்தைக் கொக்கி ஸ்பேனரால் ஒரு படி, இரண்டு படி திருப்பிவிடுவது. இது எனக்கு ஒப்புதல் இல்லாத வைத்தியம். அந்த வளையம் ஸ்பிரிங்கைக் கடினமாக்குவதே இல்லை. பாரம் ஏறும்போது வண்டி எவ்வளவு தாழ வேண்டும் என்பதை மட்டும் அது மாற்றுகிறது. அடங்காமல் ஆடும் வண்டியின் வாலை இன்னும் உயர்த்தி வைத்தால் பின்னவரை இன்னும் உயரத்திலிருந்து தூக்கிப் போடும், அவ்வளவுதான். இடிக்கிறது என்று பின்னவர் சொன்னால் வளையத்தைத் திருப்பலாம். ஆடுகிறது என்று சொன்னால் உருளையைத்தான் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் அலைகிறது என்றால் பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மின் புஷ்ஷையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திப் பின் சக்கரத்தை இரு கையாலும் பிடித்து இடமும் வலமும் ஆட்டினால், புஷ் தேய்ந்திருந்தால் ‘டக், டக்’ என்று கைக்கே தெரிந்துவிடும். எங்கள் வண்டியில் தெரிந்தது. புஷ்ஷையும் மாற்றினோம்.

ஆட்டம் வெறும் சௌகரியத்தின் விஷயம் அல்ல. சக்கரம் துள்ளுகிற நேரமெல்லாம் டயர் தரையை முழுதாகப் பிடிப்பதில்லை. அலிபிரியிலிருந்து திருமலைக்கு ஏறுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். 1944-ல் திறந்த முதல் மலைப்பாதை இப்போது இறங்குவதற்கு, 1974-ல் வந்த இரண்டாவது பாதை ஏறுவதற்கு. ஏறும்போது பாரமெல்லாம் பின்னால் சரிந்து பின் ஷாக் ஏற்கெனவே பாதி அமுங்கிக் கிடக்கும், முன் சக்கரம் லேசாகிவிடும். இறங்கும்போதோ பிரேக்கில் முன்பக்கம் அமுங்கிப் பின்பக்கம் லேசாகும். கொண்டை ஊசி வளைவில் அந்த லேசான பின் சக்கரம் துள்ளவும் ஆரம்பித்தால், பின்னால் ஆள் இருக்கும் வண்டியை எந்தக் கையும் நிதானமாகத் திருப்ப முடியாது.

பின் சக்கரத்துக்கு ஷாக் என்பது மோட்டார்சைக்கிளோடு பிறந்ததல்ல. பல காலம் பின் சக்கரத்தை நேராகச் சட்டத்தோடு முடுக்கிவிட்டிருந்தார்கள். ஸ்பிரிங் இருந்தது ஓட்டுகிறவரின் இருக்கைக்கு அடியில். பின்னால் ஏறுகிறவருக்கு மட்கார்டின் மேல் ஒரு திண்டு. 1948-ல் ராயல் என்ஃபீல்டு தன் புதிய 350 புல்லட்டைக் காட்டியபோது பின் சக்கரம் ஸ்விங் ஆர்மில் ஏறி, இரு பக்கமும் ஷாக்கோடு வந்தது. இது வண்டியின் உறுதியைக் கெடுக்கும் என்று சந்தேகப்பட்டவர்களுக்கு, அதே ஆண்டு இத்தாலியின் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் போட்டியில் புல்லட்டுகள் வாங்கிய தங்கப் பதக்கங்கள் பதிலாயின. அந்த வண்டிதான் 1950-களில் நம் ராணுவத்துக்கு வந்தது. 1955-ல் ராயல் என்ஃபீல்டு மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்த பிறகு திருவொற்றியூரில் உருவாகவும் ஆரம்பித்தது. ஸ்விங் ஆர்ம் பரவிய அதே காலத்தில்தான் இருவருக்குமான நீள சீட்டும் பரவியது. பின்னால் இருப்பவரும் ஓட்டுகிறவரைப் போல ஸ்பிரிங்கின் மேல் உட்காரும் உரிமையைப் பெற்றது அப்போதுதான் என்று நான் எண்ணுகிறேன்.

பிறகு ஒற்றை ஷாக் வந்தது. பெல்ஜியத்துப் பொறியாளர் லூசியன் டில்கென்ஸின் யோசனையை வாங்கி யமஹா 1973-ல் மோட்டோகிராஸ் உலகப் பட்டமே வென்றது. நம் தெருக்களில் ஹோண்டா யூனிகார்ன் 2004-ல் அதைச் சாதாரணமாக்கியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரட்டை ஷாக் வண்டியின் சட்டத்தை அறுத்து, வெல்டிங் வைத்து ஒற்றை ஷாக் பொருத்தித் தருகிறோம் என்கிறவர்களிடம் போகவே கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. தடுக்காவிட்டாலும், இரண்டு பக்கம் பிரிந்து இறங்க வேண்டிய பாரத்தை, அதற்காகச் செய்யாத ஒற்றைக் குழாயில் ஏற்றுவது ஆபத்து.

சட்டம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி பின்னால் இருப்பவருக்கானது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க மிதி, புடவை சக்கரத்தில் சிக்காதபடி தடுப்பு, மூன்றும் வேண்டும் என்கிறது. அவர் விழாமலிருக்க வேண்டும் என்பதில் இவ்வளவு அக்கறை காட்டிய விதி, அவர் முதுகைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வண்டிகளைப் பற்றி எழுதுகிறவர்களும் இதில் தாராளம் காட்டுவதில்லை. மைலேஜ், பிக்கப், பிரேக் என்று பக்கங்களை நிரப்புகிறவர்கள், மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அவரிடம் பேனாவைக் கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

எங்கள் பக்கத்துப் பால்காரர்களின் வண்டிகளையும் பார்த்திருக்கிறேன். இரு பக்கமும் கேன் தொங்கும். அந்தப் பாரத்துக்காகத் தடித்த ஸ்பிரிங் போட்டிருப்பார்கள். பால் ஊற்றிவிட்டு வெறுங்கேனோடு திரும்பும்போது அதே வண்டி கல்லுக்குக் கல் குதிக்கும். அந்த வண்டியில்தான் சாயங்காலம் வீட்டுப் பெண்களும் ஏறுகிறார்கள். ஒரே ஸ்பிரிங் ஐம்பத்தைந்து கிலோ ஆளுக்கும், இருவருக்கும், இருவரோடு ஒரு மூட்டைக்கும் ஈடு கொடுக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள உண்மையான சிக்கல். எந்த விலையில் ஷாக் வாங்கினாலும் அது தீர்ந்துவிடாது. ஆளுக்கேற்ப அளந்து வைப்பதுதான் வழி.

அளப்பது சுலபம். இரண்டு ஷாக்கையும் ஜோடியாகத்தான் மாற்றினோம். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் ஸ்விங் ஆர்ம் முறுக்கிக்கொள்ளும். பிறகு சென்டர் ஸ்டாண்டில் பின் சக்கரத்தைத் தொங்கவிட்டு, அச்சிலிருந்து நேர் மேலே பின் மட்கார்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, இடைவெளியை டேப்பால் அளந்தார்கள். அப்புறம் ஸ்டாண்டை எடுத்துவிட்டு நான் முன்னால், மனைவி பின்னால், மடியில் திருப்பதிக்குக் கொண்டுபோகும் அதே பை. பையன் மறுபடி அளந்தான். இந்த மாதிரி வண்டிகளில் பின் சக்கரம் ஏறி இறங்கக் கிடைக்கும் இடம் மூன்று, நாலு அங்குலம்தான். ஆட்கள் ஏறியதும் அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அமுங்கக் கூடாது. அமுங்கினால் பள்ளத்துக்கு இடமிருக்காது. அமுங்கவே இல்லையென்றாலும் கெடுதல், சக்கரம் குழிக்குள் இறங்கித் தரையைத் தொட முடியாது. முதல் அளவில் கூடுதலாக அமுங்கியது. “ஒரு படி ஏத்துடா” என்றார் மெக்கானிக். ஏற்றி அளந்தபோது சரியாக இருந்தது. நாங்கள் உட்கார்ந்திருக்கும்போதே செயினின் தொய்வையும் பார்த்தார். ஸ்விங் ஆர்ம் இறங்கி ஏறும்போது செயினின் இறுக்கமும் மாறுவதால் ஆள் ஏறிய நிலையில்தான் அது தெரியும். வால் தாழ்ந்திருந்த காலத்தில் எதிரே வருகிறவர் கண்ணில் அடித்துக்கொண்டிருந்த ஹெட்லைட்டும் கீழே இறங்கியது. டயரில் காற்றை இருவருக்கான அளவுக்கு வைத்தார். காற்று மிகுதியாக இருந்தால் எவ்வளவு நல்ல ஷாக்கும் கட்டைபோல் இருக்கும்.

தனியாகப் போகும்போது ஒரு படி இறக்கிக்கொள்ளலாம் என்று கொக்கி ஸ்பேனரையும் கையில் கொடுத்தார். அது டூல் பெட்டியில் இருக்கிறது. நான் இறக்குவதில்லை. வேலைக்குத் தனியாக ஓட்டும்போது வண்டி எனக்குக் கொஞ்சம் விறைப்பாகத்தான் இருக்கிறது. நடுவில் உட்காருகிறவன், பள்ளம் வருவதையும் பார்க்கிறவன், நான் அதைத் தாங்கிக்கொள்ளலாம். படி மனைவியின் எடைக்கு வைத்ததாகவே இருக்கட்டும்.