ரம்பத்தில் கட்டிய சைக்கிள் டியூப்

பி.காம் படிக்கிறவனுக்கு மரம் அறுக்கிற மெஷினோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். போன தடவை பேலன்ஸ் ஷீட் பற்றி எழுதியதற்கே "கொட்டாவி வருதுடா" என்று சொன்ன வகுப்பு நண்பர்கள் கண்டிப்பாகக் கேட்பார்கள். காரணம் இருக்கிறது. எங்கப்பா தச்சு வேலை பார்க்கிறவர். காரைக்குடியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பட்டறை. லீவு நாட்களில் அவருக்குக் கையாள் நான்தான். போன மாதம் அந்த மெஷின் என் தொடையை மயிரிழையில் விட்டுவைத்தது. அதனால் இந்தக் கட்டுரை.

முதலில் மரத்தைப் பற்றிக் கொஞ்சம். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி வெளியூர்க்காரர்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 1940கள் வரை நகரத்தார் கட்டியவை. பர்மாவில் தொழில் செய்தவர்கள் அங்கிருந்து தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து தூணும் உத்தரமும் நிலையுமாக நிறுத்தினார்கள். 2014ல் இந்த ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. ஆனால் பங்காளிகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கும்போது அவ்வளவு பெரிய வீட்டைக் கட்டிக் காப்பது லேசான காரியமில்லை. சில வீடுகள் இடிபடுகின்றன. நல்ல தூணும் வேலைப்பாடுள்ள கதவும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகும். வேலைப்பாடு இல்லாத சட்டமும் பலகையும் எங்களைப் போன்ற பட்டறைகளுக்கு வரும். அதை அறுத்து இழைத்து ஜன்னலாகவும் மேசையாகவும் ஆக்குவது அப்பாவின் வேலை.

தாத்தா காலத்தில் எல்லாம் கைவாள்தான். இப்போது கையில் பிடித்து ஓட்டுகிற வட்ட ரம்பம். இது பிறந்த கதை சுவாரசியமானது. 1920களில் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் பக்கம் கரும்பு வெட்டுகிறவர்கள் படும் பாட்டைப் பார்த்து, எட்மண்ட் மிஷெல் என்பவர் வெட்டுக்கத்தியில் ஒரு மோட்டாரைப் பொருத்திப் பார்த்தார். அந்த யோசனைதான் தச்சர்களுக்கான ரம்பமாக மாறியது. 1924ல் ஜோசப் சல்லிவனோடு சேர்ந்து அதற்கென்று நிறுவனமும் தொடங்கினார். கரும்புக்கு யோசித்தது, தேக்குக்கு வந்து சேர்ந்தது!

எங்களிடம் இருப்பது ஏழேகால் அங்குல பிளேடு. நிமிடத்துக்குச் சுமார் 5000 சுற்று. கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிளேடின் ஓரத்தில் இருக்கும் ஒரு பல் மணிக்கு 170 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. காரைக்குடி வழியாகப் போகும் எந்த ரயிலும் அந்த வேகத்தில் போவதில்லை. சுவிட்சை விட்ட பிறகும் அது உடனே நிற்காது, சில விநாடிகள் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

அதற்காகத்தான் கீழே ஸ்பிரிங் வைத்த ஒரு மூடி கொடுத்திருக்கிறார்கள். மரத்துக்குள் பிளேடு நுழையும்போது மூடி தானாகப் பின்னால் போகும். வெளியே வந்ததும் தானாக வந்து மூடிக்கொள்ளும். எங்கள் மெஷினில் அந்த மூடியைப் பின்னால் இழுத்து, பழைய சைக்கிள் டியூப்பால் கட்டி வைத்திருந்தார் அப்பா. நான் பார்த்த பல இடங்களில் இப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். கேட்டால், "மூடி மரத்துல தட்டுது தம்பி, வேலை ஓடல" என்பார்.

அன்றைக்கு நான் ஒரு அகலப் பலகையைக் குறுக்கே அறுத்துக்கொண்டிருந்தேன். பலகையின் இரண்டு முனைக்கும் இரண்டு ஸ்டூல், அறுப்பது நடுவில். முக்கால்வாசி அறுந்ததும் பலகை நடுவில் தொய்ந்தது. அறுத்த வெட்டின் மேல்வாய் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வியது. பிளேடின் அடிப்பல் முன்னோக்கி ஓடுவது. மரம் அதைப் பிடித்துவிட்டால் மெஷின் பின்னோக்கி, அதாவது நம்மைப் பார்த்துத்தான் பாயும். எகிறியது. என் கைலி கிழிந்தது. தொடையில் ஒரு கீறல்கூட இல்லை. மூடி மட்டும் வேலை செய்திருந்தால், வெளியே வந்த பிளேடை அது மூடியிருக்கும். அப்பா ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினார். பத்து நிமிடம் ஒன்றும் பேசவில்லை.

அவர் பேசாததற்கு வேறு காரணமும் உண்டு. நான் ஏழாவது படிக்கும்போது அவருடைய இடது ஆள்காட்டி விரலில் இரண்டு கணு போய்விட்டது. அதுவும் மூடி கட்டிய ஒரு மெஷின்தான். "என் கவனக்குறைவு" என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தார். தன்னைத்தான் குற்றம் சொன்னாரே தவிர டியூப்பை அவிழ்க்கவில்லை.

தொழிலாளர் சட்டம் படித்தபோது அந்த விரலை நான் ஒரு அட்டவணையில் பார்த்தேன். 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தில் ஒவ்வொரு விரலுக்கும் ஒரு சதவீதம் போட்டிருந்தார்கள். சம்பாதிக்கும் திறனில் எவ்வளவு போயிற்று என்ற கணக்கு. கட்டைவிரல் 30, ஆள்காட்டி விரல் முழுதும் 14, நடுவிரல் 12, மோதிர விரலோ சுண்டுவிரலோ 7. ஆள்காட்டி விரலில் இரண்டு கணு என்றால் 11. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு வந்துவிட்டது. ஆனால் எந்தச் சட்டமானாலும் இழப்பீடு தர ஒரு முதலாளி வேண்டும். அப்பாவுக்கு முதலாளி அப்பாவேதான். அந்தப் பதினொன்று எங்கள் வீட்டு நஷ்டக் கணக்கில் அப்படியே நின்றுவிட்டது.

டியூப்பால் என்ன லாபம் என்றும் எண்ணிப் பார்த்தேன். மூடி தட்டும்போது கையால் தூக்கிவிட இரண்டு விநாடி ஆகிறது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது வெட்டு என்றாலும் மொத்தம் ஐந்து நிமிடம். ஒரு டீ குடிக்கிற நேரம்!

அதைவிட முக்கியமான விஷயம், மூடி ஏன் தட்டுகிறது என்பது. மறுநாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பிளேடைக் கழற்றிப் பார்த்தோம். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. அதோடு மரத்தூள் சேர்ந்து மூடியின் அச்சில் அப்பியிருந்தது. ஸ்பிரிங் பாவம், எவ்வளவுதான் இழுக்கும்? தின்னர் தொட்ட துணியும் பழைய டூத் பிரஷ்ஷும் வைத்துத் துடைத்தோம். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. காயவிட்டு மாட்டினால் மூடி புதுசு போல ஓடியது. இத்தனை வருஷமாக அழுக்குக்குப் பயந்து டியூப் கட்டியிருக்கிறோம்.

இப்போது பட்டறையில் நாங்கள் கடைப்பிடிக்கிற மற்ற விஷயங்கள்:

பலகையை இரண்டு முனையில் மட்டும் தாங்கவிடுவதில்லை. வெட்டுக்கு இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று நான்கு கட்டை கொடுக்கிறோம். ஓரத்தில் சின்னத் துண்டு அறுப்பதாக இருந்தால் அதைத் தாங்காமல் கீழே விழ விடுகிறோம். பலகையைக் கிளாம்ப் போட்டு இறுக்குகிறோம். காலால் மிதித்துக்கொண்டு அறுப்பதெல்லாம் இனி இல்லை.

பிளேடு பலகையின் கனத்தைவிட இரண்டு நூல், அதாவது கால் அங்குலம், கீழே இறங்கினால் போதும். முழுசாக இறக்கினால் கவ்வுவதற்கு இடமும் கூடும், ஆபத்தும் கூடும்.

பிளேடு முழு வேகம் பிடித்த பிறகுதான் மரத்தில் வைக்க வேண்டும். இரண்டு கையாலும் பிடித்து, பிளேடுக்கு நேர் பின்னால் நிற்காமல் ஒரு பக்கமாக நிற்க வேண்டும். மோட்டார் திணறினால் சுவிட்சை விட்டுவிட்டு, பிளேடு நின்ற பிறகு எடுக்க வேண்டும். சுற்றும்போதே பின்னால் இழுக்கக் கூடாது.

முன்பக்கத்தில் பல் கீழிருந்து மேலாக ஏறுவதால் மேல்முகத்தில்தான் சிராய் பெயரும். நல்ல முகத்தைக் கீழே வைத்து அறுத்தால் வெட்டு சுத்தமாக இருக்கும். நேராக வர ஒரு சட்டத்தை ஓரமாக இறுக்கி, அதை ஒட்டி ஓட்டலாம்.

பழைய மரம் என்றால் முதலில் காந்தம். உடைந்த ஸ்பீக்கரிலிருந்து எடுத்ததை மரத்தின் மேல் தடவிப் பார்க்கிறோம். மேலாக்கில் இருக்கும் ஆணி அகப்பட்டுவிடும். ஆழத்தில் இருப்பது தப்பிக்கலாம், அதனால் கண்ணாடி போடாமல் அறுப்பதில்லை. தேக்கில் சிலிக்காவும் உண்டு, பல் சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய பிளேடை அழுத்தித் தள்ளும்போதுதான் அது உதைக்கும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக 1995லேயே உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியிருக்கிறது. அதனால் முகமூடியும் உண்டு. கைலி கிடையாது, பேண்ட்தான். மணிக்கட்டுக் கயிறும் கிடையாது. அம்மாவுக்கு இதில் மட்டும் கொஞ்சம் வருத்தம் :-)

அப்பா முதல் இரண்டு நாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் ஒரு சட்டத்தை அறுத்து முடித்து மெஷினைக் கீழே வைத்தார். பிளேடு இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது, மூடி வந்து 'டக்' என்று மூடியது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இது அன்னைக்கு இருந்திருக்கணும்" என்றார். எந்த அன்றைக்கு என்று நான் கேட்கவில்லை.

அந்த டியூப்பை அவர் தூக்கிப் போடவில்லை. வார்னிஷ் டப்பா மூடி திறக்காமல் இருக்க அதில் சுற்றி வைத்திருக்கிறார். உங்கள் வீட்டிலோ தெரிந்தவர் பட்டறையிலோ இந்த மெஷின் இருந்தால், ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் தூக்கி விட்டுப் பாருங்கள். தானாக வந்து மூட வேண்டும். மூடவில்லை என்றால் ஒரு துணியும் டூத் பிரஷ்ஷும் எடுங்கள்.