பௌர்ணமி விடியலும் பேட்டரிக்காரர்களும்

பௌர்ணமி இரவில் மலையைச் சுற்றிக் கிரிவலம் நடந்தவர்கள் விடிகாலையில் திருவண்ணாமலையின் தற்காலிக வாகன நிறுத்தங்களுக்குத் திரும்புகிறார்கள். சாவியைத் திருகினால் சில கார்களில் 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. சிலவற்றில் அதுவும் இல்லை. ரிமோட்டை அமுக்கினாலும் கதவு திறக்காது. அப்போது போன் போட்டுக் கூப்பிடப்படும் பேட்டரிக்காரர்களின் வேலையைப் பார்க்கத்தான் போயிருந்தேன்.

கணக்கு எளிது. கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். அஷ்ட லிங்கங்களிலும் நின்று கும்பிட்டுக்கொண்டு நடந்தால் நாலைந்து மணி நேரம். சின்ன கார்களில் பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி இருக்கும். அணைக்க மறந்த ஹெட்லைட் இரண்டும் சேர்ந்து சுமார் 10 ஆம்பியர் இழுக்கும். கார்க்காரர் குபேர லிங்கத்தை நெருங்கும் நேரத்தில் பேட்டரி காலியாகியிருக்கும். பேட்டரிக்கு மூன்று நான்கு வயது ஆகியிருந்தால் இவ்வளவு நேரம்கூடத் தாங்காது. பாட்டைப் போட்டபடி வண்டிக்குள் தூங்கிவிட்டாலே போதும், இறங்கிவிடும்.

ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் ஒரு நல்ல பேட்டரி, தோளில் ஜம்பர் கேபிள் என்று வந்தார் ஒருவர். அறுபதை நெருங்கும் வயது. சட்டையில் ஆசிட் தெறித்த ஓட்டைகள்.

"இன்னா சார், செல்ஃப் எடுக்கலையா? எத்தினி நாளா நிக்குது?"

"நேத்து சாயங்காலம்தான் நிறுத்தினோம்ணே."

"அப்ப பயமில்ல."

மீட்டரைத் தொடுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிட்டார். சிவப்புக் கேபிளை இரண்டு பேட்டரிகளின் பிளஸ்ஸிலும் மாட்டினார். கறுப்பின் ஒரு முனையை நல்ல பேட்டரியின் மைனஸில் போட்டார். மறுமுனையை இறங்கிய பேட்டரியில் போடவில்லை. தள்ளி, இன்ஜின் இரும்பில் கவ்வவைத்தார். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரிக்குப் பக்கத்தில் ஹைட்ரஜன் தேங்கியிருந்தால் அந்தப் பொறியில் பெட்டியே வெடித்து முகத்தில் ஆசிட் அடித்துவிடும். வண்டி கிளம்பியதும் சென்னைக்காரர்களிடம் சொன்னார்: "செஞ்சியில டீ குடிக்க நிறுத்தாதீங்க. நிறுத்துனாலும் இன்ஜினை ஆஃப் பண்ணாதீங்க. ஊருக்குப் போனதும் கழட்டி சார்ஜ் போட்ருங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை யாரும் காதில் வாங்குவதில்லை. வண்டி ஓடினால் ஆல்டர்னேட்டர் எல்லாவற்றையும் நிரப்பிவிடும் என்று நினைக்கிறோம். அதன் வேலை, ஸ்டார்ட் ஆனபோது செலவானதை ஈடுகட்டுவது. அடிமட்டம் வரை இறங்கிய பேட்டரியைச் சில மணி நேர ஓட்டத்தில் அதனால் முழுதாக மீட்க முடியாது. அந்தச் சுமையில் ஆல்டர்னேட்டரும் சூடாகும்.

அவருடைய கடை செங்கம் சாலைப் பக்கம். கடையில் இரும்புப் பெட்டி போல ஒரு பழைய சார்ஜர் உறுமிக்கொண்டிருந்தது: ஒரு டிரான்ஸ்ஃபார்மர், ஒரு ரெக்டிஃபயர், ஒரு ஆம்பியர் முள். அன்று அதன் முன்னால் இரண்டு பேட்டரிகள். முழுதாக ஏறியிருந்தால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். இரண்டும் நான்கு வோல்ட்டைத் தாண்டவில்லை. "புதுசா வர்ற ஆட்டோமேட்டிக் சார்ஜர்ல மாட்டுனா, இதைப் பேட்டரின்னே ஒத்துக்காது தம்பி" என்றார். உண்மைதான். வோல்ட் மிகவும் குறைந்துபோனால் அந்த வகைச் சார்ஜர்கள் பல வேலையையே தொடங்குவதில்லை. பழைய பெட்டிக்கு அந்தத் தடை கிடையாது.

ஒன்று முந்தைய இரவு இறங்கியது. இன்னொன்று, வெளிநாட்டுக்குப் போனவர் வீட்டில் மாதக்கணக்காக நின்ற காரிலிருந்து வந்தது. மீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால், உள்ளே அப்படியில்லை. மின்சாரம் வெளியேறும்போது ஈயத் தகடுகளின் மேல் ஈய சல்பேட் படிகிறது. ஆசிட் நீர்த்துத் தண்ணீர் போலாகிறது. படிவு புதிதாக இருக்கும்வரை சார்ஜ் ஏற்றினால் கரைந்துவிடும். நாள்பட்டால் கெட்டிப் படிகமாக இறுகிவிடும். "எத்தினி நாளா நிக்குது?" என்ற கேள்வியின் பொருள் அங்கேதான் எனக்குப் பிடிபட்டது.

மாதக்கணக்கில் நின்ற பேட்டரியை மாட்டியபோது ஆம்பியர் முள் அசையவே இல்லை. இறுகிய தகடு கரன்ட்டை உள்ளே விடவில்லை. அவர் ஸ்விட்சைக் கூட்டவும் இல்லை, கழற்றவும் இல்லை. மதியத்துக்கு மேல் முள் மெல்ல ஒன்றுக்கு வந்தது, பிறகு இரண்டுக்கு. 35 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு மூன்றரை ஆம்பியருக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது அவர் விதி. அவ்வப்போது பெட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்தார். மூடிகளைத் திறந்து, ஆறு செல்லிலும் ஒரே மாதிரி கொப்புளம் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார். இந்தப் பொறுமைக்குத்தான் இந்தத் தொழிலில் இன்று ஆள் குறைவு. புதுப் பேட்டரியை விற்றால் உடனே பணம் வரும். ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் போட்டால் கிடைப்பது சொற்பம். மீளக்கூடிய எத்தனையோ பேட்டரிகள் நான்கு வோல்ட் என்ற ஒரே காரணத்துக்காகக் காயலான் கடைக்குப் போகின்றன. எனக்கு அது வருத்தமாக இருக்கிறது.

அவர் தொழில் பழகியது லாரி பேட்டரிகளில். அன்று மேல்பக்கம் தார் ஊற்றி அடைத்திருப்பார்கள். தாரைச் சூடாக்கி எடுத்து, கெட்டுப்போன ஒரு செல்லை மட்டும் தூக்கி, புதுத் தகடு வைத்து, ஈயம் உருக்கி ஒட்டுவார்கள். இன்றைய பிளாஸ்டிக் பெட்டி உருக்கி மூடப்பட்டது. பிரித்தால் பேட்டரி வீண். அந்தக் கைவேலை போய்விட்டது. அதனால் ஒரு நன்மையும் உண்டு, உருகிய ஈயத்தின் புகை இப்போது கடையில் இல்லை. ஆனாலும் ஈயத்தைத் தொட்ட கையோடு டீ கிளாஸைப் பிடிப்பது இன்னும் நடக்கிறது. ஈயம் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வேலைச் சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பேரனைத் தூக்க வேண்டாம் என்று சொன்னேன். தலையாட்டினார். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்றதற்கு, சோடா உப்பு கரைத்து வைத்திருந்த வாளியைக் காட்டினார். சட்டையில் தெறித்தால் அது போதும், கண்ணுக்குப் போதாது.

மறுநாள் ஹைட்ரோமீட்டரால் ஆசிட்டை உறிஞ்சிப் பார்த்தார். முந்தைய இரவு இறங்கிய பேட்டரியில் ஆறு செல்லும் 1250. கிளம்பலாம். மற்றதில் ஐந்து செல் தேறிவிட்டது, ஆறாவது அசையவில்லை. கொப்புளமே வராத செல் அதுதான். வோல்ட் 10.5-ல் நின்றுவிட்டது. ஒரு செல்லுக்கு 2.1 வோல்ட் என்றால், ஒன்று குறைந்த கணக்கு சரியாக வருகிறது.

உரிமையாளரின் தம்பிக்குப் போன் போட்டார். "ஒரு செல்லு போய்ட்சி சார். இனிமே நாள் கணக்கா சார்ஜ் போட்டாலும் ஏறாது, புதுசு வாங்கிக்குங்க. பழசை வெளியில போட்ராதீங்க, வாங்குற கடையிலயே குடுங்க, விலையில கழிச்சுக்குவாங்க. இன்னொண்ணு சார், அண்ணன் வர்றவரைக்கும் புதுசோட மைனஸை மட்டும் கழட்டி வெச்சிடுங்க."