சாப்பிட்டும் உடம்பு தேயுதா? கணையப் புற்றுநோயாளி வீட்டாருக்கு ஓர் இழை

1/ கணையப் புற்றுநோய் வந்தவர் வீட்டில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "என்னென்ன சாப்பிடக் கூடாது டாக்டர்?" நான் திருப்பிக் கேட்பது, "இப்போ சாப்பிடறது உடம்புல ஒட்டுதா?" இந்த இழை அதைப் பற்றித்தான். கொஞ்சம் நீளம். வீட்டில் நோயாளி இருந்தால் முழுசா படிங்க.

2/ திருத்தணிப் பக்கத்துப் பெரியவர் ஒருத்தர் (அடையாளங்களை மாத்தியிருக்கேன்). மூணு மாசத்துல 11 கிலோ குறைஞ்சிருந்தார். மகன் சர்க்கரையை நிறுத்தினார், மருமகள் எண்ணெயை நிறுத்தினார், சொந்தக்காரர் ஒருத்தர் பாலையும் முட்டையையும் நிறுத்தச் சொன்னார். செவ்வாய், கிருத்திகை விரதம் வேற. தட்டில் மிஞ்சியது கஞ்சியும் ரெண்டு இட்லியும்தான்.

3/ அவர் மனைவி சொன்னாங்க: "சாப்பிடறதே கொஞ்சம். அதுவும் அப்படியே வெளியே போயிடுது டாக்டர். கக்கூஸ்ல தண்ணி ஊத்தினாலும் போகல, எண்ணெய் மாதிரி மிதக்குது." பாதி விஷயம் அந்த வார்த்தையிலேயே இருந்தது.

4/ கணையம் இன்சுலின் மட்டும் சுரக்கிற உறுப்பு இல்லை. கொழுப்பைச் செரிக்க லைபேஸ், புரதத்துக்கு புரோட்டியேஸ், மாவுச்சத்துக்கு அமைலேஸ் என்று நொதிகளைக் குடலுக்கு அனுப்புவதும் அதுதான். கட்டி அந்தக் குழாயை அடைத்தாலோ, அறுவை சிகிச்சையில் கணையத்தின் ஒரு பகுதியை எடுத்தாலோ, சாப்பாடு உள்ளே போகும், ஆனால் செரிக்காது.

5/ அறிகுறிகள்: வெளிறிய, எண்ணெய்ப் பசையான, மிதக்கிற, நாற்றம் அதிகமான மலம். சாப்பிட்டதும் வயிறு உப்பல், வாயு, பிசைகிற வலி. எடை இறங்கிக்கிட்டே போறது. இதைச் சொல்ல வெட்கப்படுவாங்க. நீங்களே கேளுங்க.

6/ இதற்கு மருந்து உண்டு. கணைய நொதி கேப்சூல். கணையப் புற்றுநோய்க்கான பிரிட்டனின் 2018 நைஸ் வழிகாட்டுதலிலேயே இது இருக்கு. பொதுவா ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு லைபேஸ் 40,000 முதல் 50,000 யூனிட், நொறுக்குத் தீனிக்கு 25,000 வரை தொடங்குவோம். அளவை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்யணும்.

7/ விழுங்கற முறை முக்கியம். முதல் கவளத்தோடு பாதி, சாப்பாட்டின் நடுவில் மீதி. வெறும் வயித்திலயும் சாப்பிட்டு முடிச்ச பிறகும் போட்டா பிரயோஜனம் கம்மி. மெல்லக் கூடாது. சூடான காபியோடு விழுங்கக் கூடாது. பால், கடலை உருண்டை சாப்பிட்டாலும் கேப்சூல் வேணும்.

8/ இந்த நொதி பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது. சைவக்காரர்களுக்கும் இஸ்லாமிய நண்பர்களுக்கும் இதை மறைக்காமல் சொல்லிடுவேன். முடிவு அவங்களுடையது. அந்தப் பெரியவர் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "மருந்துதானே" என்றார். எடை பெருசா ஏறலை. ஆனா குறையறது நின்னுச்சு. கீமோவைத் தாங்க அதுவே பெரிய பலம்.

9/ எவ்வளவு சாப்பிடணும்? தோராயமா ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 25 முதல் 30 கலோரி, 1 முதல் 1.5 கிராம் புரதம். 50 கிலோ ஆளுக்கு 1250 முதல் 1500 கலோரி. இதை மூணு வேளையில் அடைக்க முடியாது. ஆறு சின்ன வேளையாப் பிரிங்க.

10/ வீட்டுச் சாப்பாடே போதும். முட்டை, தயிர், மீன், குழையவெந்த பருப்புச் சாதம், வேர்க்கடலைத் துவையல். ஆந்திரா எல்லையோர வீடுகளில் ராகி சங்கட்டி உண்டு. இளக்கமாக் கிண்டி ஒரு ஸ்பூன் நெய் விடுங்க. ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. கேப்சூல் போட்டுக்கிட்டு எண்ணெயை முழுசா நிறுத்தாதீங்க.

11/ "சர்க்கரை கேன்சருக்குத் தீனியாமே?" சோறையும் பழத்தையும் நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்காது. உடம்பு தன் சதையையே கரைக்கும். இந்த நோயில் நீரிழிவு வருவது சகஜம். அதை மாத்திரையாலும் இன்சுலினாலும் கட்டுப்படுத்தலாம், பட்டினியால் அல்ல.

12/ விரதம். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுக்கிற ஊர் அது. வேண்டுதலை விடச் சொல்ல எனக்கு மனசு வராது. அவருக்காக வீட்டில் வேறொருத்தர் விரதம் இருக்கட்டும், 365 படியும் ஏறட்டும். அவர் சாப்பிடட்டும்.

13/ சென்னைக்கோ வேலூருக்கோ திருப்பதிக்கோ ஸ்கேனுக்குப் போனால், எத்தனை மணி நேரம் சாப்பிடாம இருக்கணும்னு கேட்டு, காலை நேரம் வாங்குங்க. முடிஞ்சதும் சாப்பிட டப்பா கையில் இருக்கட்டும். வலி, குமட்டல், மலச்சிக்கல், மனச்சோர்வு எல்லாமே பசியைக் கொல்லும். ஒவ்வொன்றுக்கும் மருந்து கேளுங்க.

14/ ஆதரவு சிகிச்சை என்றால் "கைவிட்டுட்டாங்க" என்று அர்த்தமில்லை. நோய் தெரிந்த நாளிலிருந்தே தொடங்க வேண்டியது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிற வலி நிவாரணச் சேவையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்க.

15/ கடைசியா ஒண்ணு. நோய் முற்றி இறுதி நாட்கள் வரும்போது பசி தானாகவே அடங்கும். அப்போ வாயில் திணிக்காதீங்க. "சாப்பிடாததால்தான் போயிட்டார்" என்று பிறகு உங்களையே குத்திக்காதீங்க. நோயால்தான் பசி போகுது. உதட்டை நனைங்க, பக்கத்துல உட்காருங்க. அதுவும் பராமரிப்புதான்.

16/ ஆனா அந்த நாள் வரும் முன்னாடியே பட்டினி போட்டுடாதீங்க. அடுத்த முறை மருத்துவரிடம் மூணு கேள்வி: கணைய நொதி தேவையா? எடை எவ்வளவு குறைஞ்சிருக்கு? உணவு ஆலோசகரைப் பார்க்கலாமா? தேவைப்படும் வீட்டுக்கு இதை அனுப்புங்க.